ரெசிஸ்டன்ஸ் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கும் முன்

டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். வீட்டில் யாருக்காவது எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிட்டும் வைரல் லோடு (ஒரு மில்லி ரத்தத்தில் உள்ள வைரஸ் எண்ணிக்கை) இறங்கவில்லை என்றால் இதை முழுதும் படியுங்கள்.

என் தம்பி சில வருடங்களாக டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின், எஃபாவிரென்ஸ் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை சாப்பிட்டு வந்தான். 2018இல் வைரல் லோடு 40,000ஐத் தாண்டியது. இனி என்ன பயன் என்று மனமுடைந்து மாத்திரையையே நிறுத்திவிட்டான். எனக்கு அது தெரியாது. மூன்று மாதம் கழித்து ஒரு தனியார் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வைரஸின் மரபணுவைச் சோதித்தால் எந்த மருந்து கேட்காது என்று தெரியும், அதுதான் ரெசிஸ்டன்ஸ் டெஸ்ட் என்றார். 6,000 ராண்ட் கட்டினோம். "இப்போது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று ரத்தம் எடுத்தவர்கள் யாரும் கேட்கவில்லை.

ரிப்போர்ட்டில் வைரஸின் மரபணுவில் கே103என் என்ற மாற்றம் மட்டும் இருந்தது. எஃபாவிரென்ஸ்தான் இனி கேட்காது, மற்ற இரண்டும் கேட்கும் என்று சொல்லி, அதற்குப் பதில் ரில்பிவிரின் என்ற மருந்தைக் கொடுத்தார். இந்த முறை தம்பி தினமும் என் கண்ணெதிரே விழுங்கினான். ஆறு மாதமாகியும் லோடு இறங்கவில்லை. அவன் ஏமாற்றுகிறான் என்று டாக்டர் அவனையே திட்டினார். அதை இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அப்புறம் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே முதல் கேள்வியே, "அந்த ரத்தம் எடுத்தபோது எந்த மருந்தில் இருந்தீர்கள்?" தம்பி அழுதுகொண்டே உண்மையைச் சொன்னான். மருந்தை நிறுத்தினால் மாறாத பழைய வைரஸ் வேகமாகப் பெருகி, மருந்துக்கு அடங்காதபடி மாறிய வைரஸை மறைத்துவிடுமாம். மாறியது போய்விடவில்லை, சோதனைக்கு அகப்படாமல் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. மாத்திரை சாப்பிடும்போதே எடுத்த இரண்டாவது சோதனையில் எம்184வி, கே65ஆர் என்ற இரண்டு மாற்றங்களும் வந்தன. முன்னது எம்ட்ரிசிடபினைக் கேட்கவிடாமல் கெடுப்பது, பின்னது டெனோஃபோவிரை. இவை பெரும்பாலும் முன்பே இருந்திருக்கும் என்றார்கள். அப்படியானால் மூன்று மருந்து என்று நம்பி, ரில்பிவிரினை மட்டும் தனியாகப் போராட விட்டிருக்கிறோம். கடைசியில் அதுவும் கேட்காமல் போனது.

அதனால், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தம் கொடுங்கள். நிறுத்தியிருந்தால் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லுங்கள். நிறுத்தி நான்கு வாரம் தாண்டிவிட்டால் ரிப்போர்ட்டில் "ஒன்றுமில்லை" என்று வந்தாலும் நம்ப வேண்டாம். லோடு 1,000க்குக் கீழே இருந்தால் சோதனை சரியாக வராமலும் போகலாம். பழைய ரிப்போர்ட் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

இப்போது தம்பி சிடோவுடின், லாமிவுடின், லோபினாவிர் சாப்பிடுகிறான். வயிற்றுப்போக்கு படுத்துகிறது. ஆனால் லோடு 50க்குக் கீழே வந்துவிட்டது.

இரண்டு ரிப்போர்ட்டையும் அந்தத் தனியார் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பணம் வேண்டாம் டாக்டர், அடுத்து வருபவரிடமாவது அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள் என்றேன். லேப் கொடுத்ததைத்தான் பார்த்தேன் என்று சொல்லி, அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டார்.