புது ரைஃபிளுக்கு என்ன வேலை: காகிதமா, இரும்பா, பெஞ்சா?

உரிமம் கைக்கு வந்து, ரைஃபிள் வீட்டுக்கு வந்து, அதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிய பிறகுதான் அந்தக் கேள்வியே எழுந்தது. சரி, இதை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது? எந்த மாடல், எந்தத் தோட்டா, எந்த ஸ்கோப் என்று வாங்கும் முன் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். வாரக்கடைசியில் அதை எங்கே கொண்டுபோய் எதைச் சுடப்போகிறேன் என்று அரை மணி நேரம்கூட யோசித்திருக்கவில்லை. புதிதாக வாங்குகிறவர்களில் என்னைப் போன்றவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

நான் வாங்கியது பாயிண்ட் 22 போல்ட் ஆக்‌ஷன். சிறிய தோட்டா போடும், ஒவ்வொரு முறையும் போல்ட் என்ற கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரகம். முதலில் இரும்பு உருவங்களை வீழ்த்தும் சில்லுவெட் பக்கம் போனேன். நடுவில் கொஞ்ச நாள் பெஞ்சில் உட்கார்ந்து, மணல்மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட்டேன். இப்போது படுத்தும், முட்டிபோட்டும், நின்றும் காகித இலக்கைச் சுடுகிறேன். என் சாய்வு காகிதத்தின் பக்கம்தான். அதை மறைத்துக்கொண்டு எழுத முடியாது.

பாதுகாப்பு விதிகள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றுதான். குழல் எப்போதும் பாதுகாப்பான திசையில், விரல் ட்ரிக்கருக்கு வெளியே, எந்தத் துப்பாக்கியும் தோட்டா உள்ளதாகவே கருதப்படும், இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. இவை உரிமப் பயிற்சியிலேயே மனப்பாடம் ஆகியிருக்கும். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: ட்ரிக்கரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். குழலை இலக்கின் பக்கமே வைத்து முழுதாக 30 நொடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாலும், முதல் முறை கை தானாகவே போல்ட்டுக்குத்தான் போகும்.

அப்புறம், காலி டப்பாவையும் பாட்டிலையும் வரிசையாக வைத்துச் சுடுவது. ஜாலிதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தகரத்திலோ கல்லிலோ பட்ட ஈயம் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாயிண்ட் 22 தோட்டாவைச் சின்னது என்று அலட்சியமாக நினைக்கிறோம். உயர்த்திச் சுட்டால் அது ஒரு மைலையும் தாண்டிப் போகும். ஒழுங்கான மண்மேடு பின்னால் இல்லாத இடத்தில் இதை ஒரு தேர்வாகவே நான் எண்ணவில்லை. பாட்டில் சுடுவது எந்த இடத்திலும் வேண்டாம். கண்ணாடித் துண்டைப் பொறுக்கப் போவது யார்?

இனி இரும்பு. சில்லுவெட் மெக்சிகோவில் பிறந்த விளையாட்டு. கோழி, காட்டுப்பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா என்று நான்கு உருவங்கள். பெரிய துப்பாக்கிப் போட்டியில் இவை 200, 300, 385, 500 மீட்டரில் நிற்கும். பாயிண்ட் 22 போட்டிக்கு உருவத்தையும் தூரத்தையும் ஐந்தில் ஒன்றாகச் சுருக்கிவிடுவார்கள். அதனால்தான் 40, 60, 77, 100 மீட்டர். அந்த விசித்திரமான 77 எங்கிருந்து வந்தது என்று எனக்கு வெகுநாள் புரியாமலே இருந்தது. நின்றுகொண்டுதான் சுட வேண்டும். துப்பாக்கியின் வாரைக் கையில் இறுக்கித் தாங்கிக்கொள்ளும் சலுகை கிடையாது. இடமிருந்து வலமாக, ஒரு உருவத்துக்கு ஒரு தோட்டா. தப்பினால் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பட்டால் மட்டும் போதாது, உருவம் மேடையிலிருந்து விழ வேண்டும்.

இதில் கிடைக்கும் சந்தோஷம் வேறு எதிலும் கிடையாது, அதை ஒப்புக்கொள்கிறேன். 100 மீட்டரில் கடாவைச் சுட்டால், ட்ரிக்கர் விட்டு அரை நொடிக்குச் சற்று மேலே கழித்து 'டிங்' என்று சத்தம் வந்து சேரும். அந்த இடைவெளியில் மூச்சு நின்றுவிடும். பார்க்க வந்த பிள்ளைகள்கூடக் கைதட்டுவார்கள். 50 மீட்டருக்குக் குறி சரிசெய்த பாயிண்ட் 22, 100 மீட்டரில் கிட்டத்தட்ட ஒரு சாண் கீழே இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு உருவத்துக்கும் ஸ்கோப்பைத் திருப்பி, கணக்கு வைத்துச் சுட வேண்டும். மூளைக்கும் வேலை உண்டு.

ஆனால் புதியவருக்கு நின்று சுடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு பனிச்சறுக்கும் சுடுதலும் சேர்ந்த பயத்லான் போட்டியைப் பார்த்தால் போதும். அதே 50 மீட்டர்தான். படுத்துச் சுடுபவருக்கு இலக்கு 45 மில்லிமீட்டர், நின்று சுடுபவருக்கு 115 மில்லிமீட்டர். உலகத்தின் தேர்ந்த சுடுநர்களுக்கே இரண்டரை மடங்கு பெரிய இலக்கு தேவைப்படுகிறது என்றால், நேற்று துப்பாக்கி வாங்கியவர் நின்றபடியே தொடங்குவது நீச்சலைக் கடலில் கற்பது போலத்தான். நான் அப்படித்தான் தொடங்கினேன்.

பெஞ்ச் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேசை, முன்னும் பின்னும் தாங்கி, அசையாத துப்பாக்கி. துப்பாக்கியும் தோட்டாவும் எவ்வளவு துல்லியம் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. புதிய துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா ஒத்துப்போகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு மூன்று நாளாவது பெஞ்சில் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு துப்பாக்கிகள்கூட ஒரே தோட்டாவை விரும்புவதில்லை. அதைத் தாண்டி அதையே பொழுதுபோக்காக்கினால், கருவிகள் மீதான பைத்தியம் பிடிக்கும். காற்றுக் கொடிகள், தராசு, தோட்டாவைத் தானே நிரப்புவது என்று நீண்டுகொண்டே போகும். அந்தக் குணம் உள்ளவர்களுக்கு அது சொர்க்கம். எனக்கு இல்லை.

இதற்குப் பக்கத்து வீடு தொலைதூரச் சுடுதல். அதில் ஒரு போட்டி வகையான எஃப் கிளாஸ், கனடாவின் ஜார்ஜ் ஃபார்க்வார்சன் பெயரில் வந்தது. தாங்கியின் உதவியோடு படுத்துக்கொண்டு 1000 கெஜம் வரை சுடுகிறார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், சுட்டதில்லை. ஆகவே அதன் சுவை பற்றி என் சொல்லை நம்ப வேண்டாம். பராமரிப்பு பற்றி ஒரு விஷயம் மட்டும் தெரியும்: பெரிய தோட்டாக்கள் குழலைத் தின்னும். பாயிண்ட் 308 போன்ற மிதமானது சில ஆயிரம் தோட்டாக்களைத் தாங்கும். 6.5-284 போன்ற சூடான ரகம் 1000, 1500 தாண்டும் முன்பே துல்லியத்தை இழக்கத் தொடங்கிவிடும். பாயிண்ட் 22 குழலோ பல்லாயிரம் தோட்டாக்களைப் பார்த்தபிறகும் சாதுவாக இருக்கும். தினம் பழக வேண்டிய புதியவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். எனக்கு முடிவெடுக்க வைத்தது ஒரே ஒரு காரணம்: தப்பிய குண்டு எங்கே போனது என்று காகிதம் சொல்லும், இரும்பு சொல்லாது.

சில்லுவெட்டில் நான்கு மாதம் சுட்டேன். பத்துக்கு இரண்டு விழுந்தது மூன்றானது, ஒருநாள் ஐந்துகூட ஆனது, மறுவாரம் மறுபடி இரண்டு. ஏன் ஐந்து, ஏன் இரண்டு? தெரியாது. விழுந்தால் சந்தோஷம், விழாவிட்டால் மண்மேட்டில் தூசி. தூசியைப் பார்த்து மேலா கீழா என்று ஊகிக்கலாம். அதுவும் ஈரமான நாளில் தெரியாது.

ஒருநாள் ரேஞ்சில் இருந்த மூத்தவர் ஒருவர் 50 மீட்டரில் ஒரு காகித இலக்கை மாட்டி, என்னைப் படுக்கச் சொன்னார். ஒவ்வொரு தோட்டாவுக்குப் பிறகும் ஸ்கோப்பில் பார்க்க விடவில்லை. "பாக்காம சொல்லுங்க தம்பி, எங்க போயிருக்கும்?" என்றார். நான் "நடுவுலதான் சார்" என்றேன். பார்த்தால் ஆறு மணி திசையில் ஏழாவது வளையம். அடுத்ததும் நடு என்றேன், அதுவும் கீழே. பிறகு என் கண்ணில் படாமல் தோட்டாவைப் போட்டும் போடாமலும் துப்பாக்கியைக் கொடுத்தார். காலியாக இருந்த முறை 'டிக்' என்று மட்டும் கேட்டது. குழல் நுனி கீழே குனிந்ததை நானே பார்த்தேன். உதைப்பே இல்லாத துப்பாக்கியில், வராத உதைப்புக்கு நான் தயாராகிக்கொண்டிருந்தேன். நான்கு மாத இரும்பு இதை எனக்குச் சொல்லவே இல்லை.

அன்றிலிருந்து நான் செய்யும் பயிற்சியின் மையம் இதுதான். ட்ரிக்கர் விழும் நொடியில் குறி எங்கே இருந்தது என்று மனதில் படம் எடுத்துக்கொள்வது, வாய்விட்டுச் சொல்வது, பிறகு ஓட்டையோடு ஒப்பிடுவது. சொன்ன இடமும் ஓட்டையும் ஒத்துப்போனால், மோசமாகச் சுட்டிருந்தாலும் நல்ல நாள். பத்தில் விழுந்திருந்தும் நான் சொன்னது எட்டு என்றால் அது அதிர்ஷ்டம்; கணக்கில் வராது. சர்வதேச 50 மீட்டர் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அதற்குள்ளும் 10.0 முதல் 10.9 வரை பிரித்து மதிப்பெண் கொடுப்பார்கள். அதாவது நல்ல குண்டுக்கும் மிக நல்ல குண்டுக்கும் இடையில்கூடக் காகிதம் வித்தியாசம் சொல்லும். கடா விழுந்தால் விழுந்ததுதான். நெஞ்சில் பட்டதா, கொம்பில் உரசியதா என்று அது கவலைப்படாது.

ஓட்டைகளின் கூட்டமும் பேசும். மேல் கீழாக நீண்டிருந்தால் பெரும்பாலும் மூச்சு, அல்லது வேகம் சீராக இல்லாத தோட்டா. பக்கவாட்டில் விரிந்திருந்தால் காற்று, இல்லையென்றால் என் விரல். கூட்டம் சிறிதாக இருந்து மொத்தமாக ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், துப்பாக்கியைக் கையால் இலக்குக்குத் தள்ளிப் பிடித்திருக்கிறேன் என்று அர்த்தம். கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, திறந்து பார்த்தால் குறி தானாக எங்கே நிற்கிறதோ அதுதான் உடம்பின் விருப்பம். கையை அல்ல, இடுப்பையும் முழங்கையையும் நகர்த்த வேண்டும். இதை நூறு முறை கேட்டிருந்தேன். என் காகிதத்தில் பார்த்த பிறகுதான் செய்யத் தொடங்கினேன். மூன்று குண்டுக் கூட்டத்தைப் படமெடுத்துக் காட்டுபவர்களை மட்டும் நம்பாதீர்கள். மூன்று எப்போதாவது அழகாக அமையும். பத்து சுட்டால்தான் உண்மை வெளியே வரும்.

சுட்ட காகிதத்தில் தேதி, காற்று, தோட்டா வகை எழுதி வைக்கிறேன். போன வருடத்துக் காகிதத்தை எடுத்துப் பார்ப்பது ஒரு தனி சுகம். இரும்பில் சுட்டவருக்கு நினைவு மட்டுமே மிஞ்சும். நம் நினைவு எப்போதும் நம் பக்கமே சாய்ந்து பேசும்.

காகிதத்தின் குறையையும் சொல்ல வேண்டும். சலிக்கும். அதுவும் முதல் இரண்டு மாதம் நன்றாகவே சலிக்கும். வேடிக்கை பார்க்க யாரும் வரமாட்டார்கள். படுத்துச் சுட இடது கையை வாரில் இறுக்கும்போது விரல் மரத்துப்போகும். முட்டிபோட்டுச் சுடுவது பற்றி நான் அதிகம் பேச முடியாது. என் முழங்கால் இன்னும் ஒத்துழைக்கவில்லை. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இதே பாடங்களை இன்னும் மலிவாக, வீட்டுக்கு அருகிலேயே கற்றுத்தரும் என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது அந்த ஆட்டத்தில்தான். அதில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. ஆனால் பாயிண்ட் 22 ஏற்கனவே பெட்டகத்தில் இருக்கும்போது இன்னொன்று வாங்க வீட்டில் வாய் திறக்க முடியவில்லை.

சுடாத நாட்களிலும் வேலை உண்டு. வெற்றுப் பயிற்சி, அதாவது தோட்டா இல்லாமல் குறிபார்த்து ட்ரிக்கர் விடுவது. தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்க வேண்டும். தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். வெற்றுப் பயிற்சி என்றாலும் குழலுக்கு எதிரே கனமான சுவர் இருக்கட்டும். பாயிண்ட் 22-ல் ஒரு கூடுதல் கவனம்: சில துப்பாக்கிகளில் வெற்றாக அடிக்கும்போது தோட்டாவை அடிக்கும் ஊசி சேம்பரின் விளிம்பில் இடித்துப் பள்ளம் விழும். கையேட்டைப் பார்த்துக்கொண்டு, போலித் தோட்டா போட்டுச் செய்வது நல்லது. முடிந்ததும் துப்பாக்கியை உடனே பூட்டிவிடுங்கள். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று திரும்ப எடுக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

கை கழுவுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எந்த ஆட்டத்துக்கும் பொதுதான். தோட்டாவிலும் அதைப் பற்றவைக்கும் கலவையிலும் ஈயம் இருக்கிறது. ரேஞ்சில் சாப்பிடக் கூடாது. குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, வீட்டுக்கு வந்ததும் சட்டையை மாற்ற வேண்டும்.

வேட்டையை இந்த ஒப்பீட்டில் நான் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. பல இடங்களில் சட்டம் அனுமதிக்காது. அனுமதிக்கும் இடத்தில் தனிப் பயிற்சியும் தனி உரிமமும் வேண்டும். நான் போனதில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது: குண்டு எங்கே போகும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரியாத கை, உயிருள்ள எதையும் குறிபார்க்கக் கூடாது.

அப்படியென்றால் இரும்பை விட்டேவிட்டேனா என்றால் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு சில்லுவெட்டுக்குப் போகிறேன். போன முறை வான்கோழி ஐந்தில் நான்கு விழுந்தது. தப்பிய ஐந்தாவதுக்கு, தூசி எழும் முன்பே "வலது பக்கம், கொஞ்சம் கீழே" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் தொலைநோக்கியோடு நின்றிருந்தவர் திரும்பி, "எப்படிங்க தெரிஞ்சுது?" என்றார்.