மூன்று டர்ன்டேபிள், ஐந்து கார்ட்ரிட்ஜ்: காரைக்குடி வீட்டில் பதினோரு ஆண்டுகள்

என்னிடமுள்ள ஐந்து கார்ட்ரிட்ஜ்களில் ஒன்றின் விலை, மற்ற நான்கையும் சேர்த்துக் கூட்டினாலும் எட்டாதது. அதுதான் கடந்த நான்கு ஆண்டுகளாக அலமாரியை விட்டு வெளியே வராமல் இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் என்பது இசைத்தட்டின் பள்ளத்தை ஊசியால் வாசித்து மின்னலையாக்கும் சிறு பொறி. காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டில் மூன்று டர்ன்டேபிள்களை வைத்துக்கொண்டு பதினோரு ஆண்டுகளாகத் தட்டுக் கேட்டு வருகிறேன். தொடங்கிய காலத்தில், கார்ட்ரிட்ஜுக்கு எவ்வளவு செலவழிக்கிறோமோ அவ்வளவு இசை கிடைக்கும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அந்தக் கணக்கு எங்கெங்கே பொய்த்தது, எது நிலைத்தது என்பதை, பெரிய செட்டில் பணம் போட நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் தட்டுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐயா, அதாவது என் தாத்தா, ரங்கூன் கடையை முடித்துக்கொண்டு வந்தபோது கொண்டுவந்தவையும் பின்னர் சென்னையில் வாங்கியவையுமாக நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டுகள் இருநூற்றுச் சொச்சம் பெட்டகத்தில் இருந்தன. அவற்றில் ஓடியன் முத்திரைத் தட்டுகளே அதிகம். இந்த ஊரில் பிறந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் படமெடுக்க வருவதற்கு முன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக விற்றவையும் அந்த முத்திரைத் தட்டுகள்தான் என்பதால், எங்கள் பக்கத்து வீடுகளில் இது வியப்பில்லை. அப்பச்சி, அதாவது என் அப்பா, சேர்த்தவை 1960களின் மோனோ எல்பிகளும் (நீண்ட நேரம் ஓடும் தட்டுகள்) 45 சுற்று இ.பி.க்களும். ஸ்டீரியோ எல்பிகள் நான் வாங்கியவை. ஆக, ஒரே வீட்டில் மூன்று வகை வரிப்பள்ளங்கள். 78 தட்டின் பள்ளத்துக்கு ஏறத்தாழ 76 மைக்ரான் முனையுள்ள ஊசி வேண்டும். மோனோ எல்பிக்கு 25 மைக்ரான். ஸ்டீரியோவுக்கு 18 அல்லது அதற்கும் குறைவு. சிறிய ஊசியை 78 தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் இறங்கி, எண்பதாண்டுத் தூசியைத்தான் வாசிக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் ஓராண்டு ஐயாவின் தட்டுகளை சாதாரண ஊசியால் ஓட்டிவிட்டு, இவை தேய்ந்துபோனவை என்று முடிவு கட்டி மீண்டும் பெட்டகத்தில் வைத்துவிட்டேன். 2020இல் ஆடியோ-டெக்னிகா விஎம்95எஸ்பி வாங்கி, 5 கிராம் அழுத்தம் கொடுத்து அதே தட்டுகளைப் போட்டபோது, கரகரப்புக்கு முன்னால் நாயனம் வந்து நின்றது. திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பச்சி எழுந்து உள்ளே வந்து, "இதென்ன வேற தட்டா?" என்று கேட்டார்கள். அதே தட்டு; ஊசி மட்டும் வேறு. 78 தட்டு கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. அது அரக்கில் செய்தது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். எல்பி கழுவும் ஆல்கஹால் கலந்த திரவத்தை அதன்மேல் ஊற்றினால் தட்டின் பளபளப்போடு பாட்டும் போய்விடும். ஒரு தட்டை அப்படி இழந்தேன். இப்போது காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு மென்மையான சோப்பு, அதற்கு மேல் எதுவும் இல்லை.

மோனோ எல்பிகளுக்கு டெனான் டிஎல்-102 வைத்திருக்கிறேன். மோனோ தட்டில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே பதிவாகியிருக்கும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேலும் கீழுமான அசைவையும் வாசிப்பதால், பள்ளத்தின் அடியிலுள்ள தூசி, கீறல், பூஞ்சை எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் இந்தக் குறையில் பெரும்பகுதி நீங்கிவிடும் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஐம்பது மோனோ தட்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் அந்தப் பொத்தானோடு நிறுத்திக்கொள்ளலாம். என்னிடம் முந்நூறுக்கு மேல் இருப்பதால் தனிக் கார்ட்ரிட்ஜ் நியாயமாகியது. இதன் ஊசி மேலும் கீழும் அசைய இடம் கொடுப்பதால், தவறிப்போய் ஸ்டீரியோ தட்டில் வைத்தாலும் தட்டு கெடாது. மிகப் பழைய மோனோ கார்ட்ரிட்ஜ்களில் இந்தப் பாதுகாப்பு இல்லாதவை உண்டு. எடை 13 கிராம் என்பதால் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் டர்ன்டேபிள் கைகள் எல்லாமே இதைச் சமன்செய்யா. வாங்குமுன் எதிர்எடை போதுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதிகம் ஓடுவது டெனான் டிஎல்-103. ஜப்பானிய ஒலிபரப்புக் கழகமான என்எச்கேவுக்காக 1960களின் தொடக்கத்தில் உருவான இந்த மூவிங் காயில் (ஊசியோடு கம்பிச்சுருள் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ் இன்றும் ஏறத்தாழ அதே வடிவில் கிடைக்கிறது. கேரார்ட் 301 டர்ன்டேபிளில், எஸ்எம்இ 3012 நீளக் கையில் இதைப் பூட்டியிருக்கிறேன். அடிப்பெட்டி, முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கிய பர்மா தேக்கு உத்தரத் துண்டில் எங்கள் ஊர் ஆசாரி செய்து கொடுத்தது. 2.5 கிராம் அழுத்தத்தில் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து 'கும்' ஒலிக்கு இது தரும் சதைப்பிடிப்பை, இதைவிடப் பலமடங்கு விலையுள்ளவற்றில்கூட நான் கேட்கவில்லை. ஊசி உருண்டை முனை கொண்டதாதலால் கையின் உயரம் சற்று முன்பின் ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். கையின் முனையில் கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றி டிஎல்-102ஐ மாட்டி, பிறகு மீண்டும் இதை மாட்டும் என்னைப் போன்றவர்களுக்கு இது சிறிய வசதியன்று. தட்டின் உள் ஓரத்தில் வரும் 'ஸ்' ஒலிகளும் தம்புராவின் மேல்நாதமும் இதில் சற்று மழுங்கும். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இதன் வெளியீடு 0.3 மில்லிவோல்ட் மட்டுமே. இந்த மெல்லிய மின்னலையைப் பெருக்கும் பிரீஆம்பின் மூவிங் காயில் உள்ளீட்டில் 100 ஓம் சுமையோடு மூன்று ஆண்டுகள் கேட்டேன். ஒலி ஏதோ போர்வைக்குள் இருப்பதுபோல் இருந்தது. கார்ட்ரிட்ஜின் உள்தடை 40 ஓம். 100 ஓமில் கட்டினால் வெளியீட்டில் ஏறத்தாழ 3 டெசிபல் அங்கேயே போய்விடுகிறது. பின்னர் ஒன்றுக்குப் பத்து என்ற விகிதத்தில் உயர்த்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி, சாதாரண மூவிங் மேக்னெட் (காந்தம் அசையும் வகை) உள்ளீட்டில் செருகினேன். 47 கிலோஓமை நூறால் வகுத்தால் கார்ட்ரிட்ஜ் பார்க்கும் சுமை 470 ஓம். போர்வை விலகியது. கார்ட்ரிட்ஜை மாற்ற நினைத்து ஒதுக்கிய பணத்தில் பாதிகூட இதற்கு ஆகவில்லை.

ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வந்த அன்றே உறுமலும் கூடவே வந்தது. கேபிளை மாற்றினேன், டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தேன், பலனில்லை. கடைசியில் மின்பணியாளர் வந்து பார்த்துத்தான் காரணம் தெரிந்தது: வீட்டின் பழைய வயரிங்கில் எர்த் என்பதே கிடையாது, மூன்று துளைச் சாக்கெட்டுகளின் மூன்றாவது துளை வெறும் அலங்காரம். பின்கட்டுக்கு அப்பால் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு நீர் ஊற்றிய பிறகு உறுமல் அடங்கியது. செட்டிநாட்டுப் பழைய வீட்டில் குறைந்த வெளியீட்டு மூவிங் காயில் வாங்க நினைப்பவர், அதற்கு முன் எர்த் பார்க்கும் ஆளைக் கூப்பிடுவது நல்லது.

கையும் கார்ட்ரிட்ஜும் பொருந்துவது என்ற விஷயம் சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. கையின் செயல்நிறை (அசையும்போது ஊசி உணரும் எடை), கார்ட்ரிட்ஜ் எடை, திருகு எடை ஆகியவற்றைக் கூட்டி, ஊசியின் கம்ப்ளையன்ஸால், அதாவது அதன் நெகிழ்வால், பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதனால் வகுத்தால் ஒத்ததிர்வு, அதாவது கையும் ஊசியும் சேர்ந்து தாமாக ஆடும் அதிர்வு, எத்தனை ஹெர்ட்ஸில் விழும் என்று கிடைக்கும். 8 முதல் 12க்குள் இருந்தால் நிம்மதி. என்னுடைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 கையின் செயல்நிறை ஹெட்ஷெல்லோடு 12 கிராம். அதில் முதலில் நான் பூட்டியது நெகிழ்வு 22 கொண்ட ஓர் ஐரோப்பியக் கார்ட்ரிட்ஜ். எடை 7 கிராமுக்குச் சற்று மேல். கணக்குப் போட்டால் 7.5 ஹெர்ட்ஸ்தான் வருகிறது. வேறு ஊரில் இது பெரிதாகத் தெரிந்திருக்காது. எங்கள் வீட்டுத் தட்டுகளோ பல ஆண்டுகள் மேற்குச் சுவரையொட்டி வெயில் காங்கையில் இருந்து வளைந்தவை. வளைவின் அசைவு விழுவதும் அந்தக் கீழ்ப்பகுதியிலேயே. ஒவ்வொரு சுற்றுக்கும் வூஃபரின், அதாவது ஸ்பீக்கரின் பெரிய ஒலிவாயின், கோன் உள்ளே போய் வெளியே வருவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. சித்திரையில் அது இன்னும் மோசம். ஊசியைத் தாங்கும் ரப்பர் வெப்பத்தில் இளகுகிறது, நெகிழ்வு கூடுகிறது, எண் மேலும் இறங்குகிறது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் நெகிழ்வைப் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில் அளந்து சொல்கிறார்கள். ஐரோப்பியர் 10 ஹெர்ட்ஸில். டிஎல்-103க்கு அச்சிட்டிருக்கும் 5 என்ற எண்ணை அப்படியே சமன்பாட்டில் போட்டால், டன் கணக்கில் எடையுள்ள கை வேண்டும்போல் தோன்றும். ஏறத்தாழ இரண்டால் பெருக்கிக்கொண்டால் 10 ஆகிறது. டெக்னிக்ஸ் கையிலேயே அது 11 ஹெர்ட்ஸுக்கு அருகில் வந்து நிற்கிறது. இந்தப் பெருக்கலை அறியாமல் ஹெட்ஷெல்லின்மேல் ஈயத்துண்டு ஒட்டிய காலமும் எனக்கு உண்டு.

இப்போது டெக்னிக்ஸில் இருப்பது ஆடியோ-டெக்னிகா விஎம்95எம்எல். எடை 6 கிராமைச் சற்றே தாண்டும். ஒத்ததிர்வு எட்டரைக்கு அருகில் விழுகிறது. வூஃபர் அசையாமல் நிற்கிறது. இதன் மைக்ரோலைன் முனை, தட்டை வெட்டிய கருவியின் வடிவத்துக்கு நெருக்கமானது. 33⅓ சுற்றுத் தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், உள் ஓரத்தில் 21 ஆகச் சுருங்கிவிடுகிறது; அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்து நிற்கிறது. கச்சேரித் தட்டுகளில் தனி ஆவர்த்தனமும் துக்கடாவும் வந்து விழுவது பெரும்பாலும் அங்கேதான். உருண்டை முனை அங்கே கஞ்சிராவைத் தகரமாக்கும். மைக்ரோலைன் கஞ்சிராவாகவே விடுகிறது. பழைய இந்தியத் தட்டுகளில் இதன் நடத்தை இரு வகையாக இருக்கிறது. தேய்ந்த உருண்டை ஊசிகள் பள்ளச் சுவரின் மேற்பகுதியைத் தின்றிருந்தால், இது அதற்குக் கீழே தீண்டப்படாத சுவரைத் தொட்டு வியக்கும்படி சுத்தமாக வாசிக்கும். சுவர் முழுவதும் சிதைந்திருந்தால் அந்தச் சிதைவை ஒன்றுவிடாமல் எடுத்துக் காட்டும். அத்தகைய தட்டுகளை நான் கேரார்டுக்கே அனுப்பிவிடுகிறேன். இதைப் பூட்டுவதில் சோம்பல் ஆகாது. கோணம் பார்க்கும் ப்ரொட்ராக்டர் வைத்து, தட்டின் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் கோடு நேராக வரும்வரை திருகைத் தளர்த்தி இறுக்கி, ஒரு மாலைப் பொழுது முழுவதும் போனது.

மூன்றாவது டர்ன்டேபிள் 78க்கானது. அதன் சுழல்தட்டு வார்ப்பிரும்பு. ஒருமுறை அவசரத்தில் அதன் கையில் டிஎல்-103ஐ மாட்டியபோது, ஊசி தட்டை நெருங்கியதும் கை கடைசி விரற்கடையில் தானாக விழுந்தது. கார்ட்ரிட்ஜின் வலுவான காந்தம் இரும்பைப் பிடித்து இழுத்திருக்கிறது. தராசில் 2.5 கிராம் என்று வைத்தது தட்டின்மேல் 2.5 ஆக இருக்காது. இரும்புத் தட்டுள்ளவர்கள் மூவிங் காயிலை வாங்குமுன் இதைச் சோதிக்க வேண்டும்.

அலமாரியில் இருக்கும் அந்த ஐந்தாவதுக்கு வருகிறேன். போரான் கான்டிலீவர் (ஊசிமுனையைத் தாங்கும் மெல்லிய தண்டு), நுண்முனை, அழகான மரப்பெட்டி. கேட்ட முதல் வாரமே ஏதோ உறுத்தியது. எங்கள் வீட்டுச் சுவர்கள் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றியவை, தரை ஆத்தங்குடிக் கல். ஒலியை உறிஞ்ச அறையில் எதுவும் இல்லை. உச்ச ஒலிகளைத் தூக்கிக் காட்டும் கார்ட்ரிட்ஜ் இந்த அறையில் பெண்குரல்களைக் கண்ணாடிச் சில்லாக்கியது. கனத்த ஜமுக்காளங்களைச் சுவரில் தொங்கவிட்டுச் சமாளித்துப் பார்த்தேன்; ஓரளவு அடங்கியது. அதற்குள், ஒரு நாள் தட்டு மாற்றக் குனிந்தபோது தோளில் கிடந்த துண்டு சரிந்து, அதன் குஞ்சம் ஊசியில் மாட்டி, நிமிர்ந்த வேகத்தில் கான்டிலீவர் மயிரிழை நீளத் துகளாகத் தரையில் கிடந்தது. மூவிங் மேக்னெட்டாக இருந்தால் ஊசிப் பகுதியை மட்டும் உருவிப் புதியதைச் செருகலாம். இதை வெளிநாட்டுக்கு அனுப்பிப் புதுமுனை வைக்க வேண்டும், அதற்கான தொகையில் விஎம்95எம்எல் முழுதாகவே நான்கு வாங்கலாம். அனுப்பவில்லை. தட்டுக் கேட்கும் அறைக்குள் துண்டு போட்டுக்கொண்டு போவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

எதற்கும் பேரேடு எழுதும் வழக்கத்தில் பிறந்தவன் ஆதலால் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஓடிய நேரத்தைக் குறித்து வருகிறேன். மைக்ரோலைன் 410 மணி நேரத்தில் இருக்கிறது, கேட்பதில் மாற்றமில்லை; மாற்று ஊசி ஒன்று பெட்டகத்தில் தயாராக உள்ளது. டிஎல்-103 இப்போது 640 மணி நேரம். கடந்த மாதம் உள் ஓரத்தில் வயலின் சற்றே பிசிறியது. மார்கழிக்குள் புதியது வாங்க வேண்டும். அப்பச்சி, இந்த முறையாவது வேறு ஏதாவது நல்லதாக வாங்கேன் என்கிறார்கள். மறுபடியும் 103க்குத்தான் பணம் எடுத்து வைத்திருக்கிறேன்.