மென்பொருள் நல்லதுதான், மார்ச்சில் புதுப்பிக்கப் போவதில்லை

எங்கள் பலசரக்குக் கடையில் ஓடும் பில்லிங் மென்பொருளுக்கு அடுத்த ஆண்டுச் சந்தாவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். விற்பனைப் பிரிவிலிருந்து தினமும் போன் வருகிறது. இந்த நேரம் பார்த்து, சங்கரன்கோவிலில் புதுக்கடை போடும் நண்பர் ஒருவர், "நீங்க அதைத்தானே வச்சிருக்கீங்க அண்ணாச்சி, வாங்கலாமா?" என்று கேட்டார். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. கம்பெனி பெயரை எழுதவில்லை. கேட்டவருக்குத் தெரியும், அது போதும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பார்கோடு அடித்தால் பில் பட்டென்று வரும். பழைய கம்ப்யூட்டரிலும் திணறாது. இன்டர்நெட் போனாலும் வியாபாரம் நிற்காது. பாக்கிக் கணக்கு, காலாவதித் தேதி, எந்தச் சரக்கு தூங்குகிறது என்ற விவரம், காலாண்டுக்கு ஆடிட்டர் கேட்கும் ஹெச்எஸ்என் (வரிக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எண்) வாரியான பட்டியல் எல்லாம் ஒழுங்காக வரும். இந்த விலைக்கு இவ்வளவு தருகிற வேறொன்றை நான் பார்த்ததில்லை.

வாங்கிய புதிதில் இங்கே தென்காசியிலேயே டீலர் இருந்தார். பிரிண்டரில் எழுத்து கோணலாக வந்தால்கூட ஒரு போன்தான். எனிடெஸ்க் மூலம் அங்கிருந்தே என் கம்ப்யூட்டருக்குள் வந்து பார்ப்பார், முடியாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே வந்துவிடுவார். அப்புறம் கம்பெனி வளர்ந்தது. டீலர்கள் விற்றால் மட்டும் போதும், சர்வீஸ் எல்லாம் தலைமை அலுவலகமே பார்க்கும் என்றார்கள். ஒரே எண், 1-ஐ அழுத்து, 3-ஐ அழுத்து, காத்திரு. கடைசியில் யாராவது எடுத்தால் "டிக்கெட் போட்டிருக்கோம் சார்" என்பார்கள், அதாவது புகாரைப் பதிந்து ஒரு எண் கொடுப்பார்கள். என் வயிற்றெரிச்சல் எல்லாம் இந்த டிக்கெட் பற்றியதுதான்.

2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி வரி விகிதங்களை மாற்றியது. 22-ஆம் தேதி முதல் நடைமுறை. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்கள், பிஸ்கட் 18-லிருந்து 5 சதவீதம். நெய், வெண்ணெய் 12-லிருந்து 5. ஆனால் வாஷிங் பவுடர் 18-லேயே நின்றது. எங்களைப் போன்ற கடையில் பாதி அலமாரியின் வரி ஒரே ராத்திரியில் மாறுகிறது. 21-ஆம் தேதி மகாளய அமாவாசை, மறுநாள் திங்கட்கிழமை நவராத்திரி ஆரம்பம். கூட்டம் எப்படி இருக்கும் என்று கடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனி அப்டேட் கொடுத்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். போட்டுப் பார்த்தால், சோப்பு வகையில் நாங்கள் வைத்திருந்த எல்லாமே 5 ஆகிவிட்டது, வாஷிங் பவுடரும் சேர்த்து. நெய் 12-லேயே இருந்தது. இது சின்ன விஷயம் இல்லை. 18 வாங்க வேண்டிய இடத்தில் 5 என்று பில் போட்டால் மீதி வரி கடைக்காரன் கையிலிருந்துதான் போகும். 5 வாங்க வேண்டிய இடத்தில் 12 என்று பில் போட்டால், கூடுதலாக வாங்கியதை நாம் வைத்துக்கொள்ள முடியாது, அரசுக்குக் கட்டியே தீர வேண்டும், நஷ்டம் வாங்கியவருக்கு. பேப்பரில் படித்துவிட்டு வந்த வாடிக்கையாளர் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு, "வரி குறைஞ்சிருச்சுன்னு போட்டிருக்கே, இதுல 12-ன்னு இருக்கு?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

மொத்தமாக வரியை மாற்றும் பக்கத்தைத் திறந்தால் மென்பொருள் உறைந்து நின்றது. சர்வீஸ் எண்ணுக்குப் போட்டேன். நெடுநேரம் பாட்டு, பிறகு டிக்கெட் எண். கொஞ்ச நேரத்தில் எஸ்எம்எஸ்: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் கொடுங்கள். யாரும் பேசவில்லை, யாரும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. திரும்பக் கூப்பிட்டால் அது புது டிக்கெட்டாம், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். அதற்கும் அதே எஸ்எம்எஸ். சரக்கோ மென்பொருளோ பழுதானால் பொறுத்துக்கொள்ளலாம். என் கண் முன்னால் பழுது இருக்கும்போது அது சரியாகிவிட்டது என்று எனக்கே எழுதி அனுப்புவதை என்னால் பொறுக்க முடியவில்லை. இன்றுவரை அந்த எஸ்எம்எஸ்களை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

போனை எடுக்கும் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாடு முழுக்க எல்லாக் கடையும் அன்று ஒரே நேரத்தில் கூப்பிட்டிருக்கும். ஒரு பையன் மனசு விட்டே சொன்னான், "சார், குறிப்பிட்ட நேரத்துக்குள்ள டிக்கெட்டை மூடலைன்னா எங்களுக்கு மார்க் போகும், 5-க்கு 5 மட்டும் போட்டுருங்க சார்." அவனுக்காகப் போட்டேன். இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்து வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். 22-ஆம் தேதி வரும் என்று கிட்டத்தட்ட மூன்று வாரத்துக்கு முன்பே ஊருக்கே தெரியும். அந்த ஒரு வாரத்துக்காவது கூடுதல் ஆள் போட்டிருக்கலாமே?

திங்கள் பகல் முழுக்க கைப்பில் புத்தகம்தான். 200 ரூபாய்க்குள் வாங்குகிற சாதாரண வாடிக்கையாளர் பில் கேட்கவில்லை என்றால் தனித்தனியாகப் போடாமல் நாள் முடிவில் ஒரே பில்லாகச் சேர்த்துக்கொள்ள ஜிஎஸ்டி விதியில் இடம் உண்டு, அதனால் தப்பித்தோம். ராத்திரி கடை அடைக்கும் நேரத்தில் பழைய டீலர் வந்தார். அவருக்கு இதில் இப்போது ஒரு பைசா வருமானம் கிடையாது. பொருள் பட்டியலை எக்செல்லில் இறக்கி, வரியைத் திருத்தி, திரும்ப ஏற்றிக் கொடுத்தார். கம்பெனிக்காரர்கள் யாரும் அந்த வழியைச் சொல்லவே இல்லை.

இதோடு எங்கள் தராசையும் சொல்ல வேண்டும். எலக்ட்ரானிக் தராசு ஒன்றும் பிரமாதமான மாடல் இல்லை. பட்டன் மேல் இருக்கும் எழுத்து அழிந்துவிட்டது, பேட்டரி அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. விலையும் ஆன்லைனில் கிடைப்பதைவிட அதிகம். ஆனால் விற்றவர் இதே பஜாரில் இருக்கிறார். தராசுக்கு வருடத்துக்கு ஒரு முறை அரசு முத்திரை போட வேண்டும், தவறினால் தொழிலாளர் துறை ஆய்வில் அபராதம். அந்தத் தேதியை நான் ஞாபகம் வைத்திருந்ததே இல்லை, அவரே வந்து சொல்லி எடுத்துப்போவார். போன ஆடி மாதம் தராசில் எடையை உணரும் லோடு செல் போய்விட்டது. சீலைப் பிரித்து வேலை பார்த்தால் மறுபடி முத்திரை போட்ட பிறகுதான் பயன்படுத்தலாம். அதுவரைக்கும் என்று அவர் கடையிலிருந்த, முத்திரை போட்ட வேறொரு தராசைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் எங்களுடையதைத் தூக்கினார். வாடகை என்று பேச்சே இல்லை. "வியாபாரம் நிக்கக் கூடாதுல்ல அண்ணாச்சி" என்றார். அடுத்த தராசும் அவரிடம்தான், இதைவிட மட்டமான மாடலாக இருந்தாலும்.

மென்பொருளை ஏன் அன்றைக்கே மாற்றவில்லை என்று கேட்பீர்கள். பொருள் பட்டியல் எக்செல்லில் வெளியே வருகிறது, பாக்கிக் கணக்கு வருவதில்லை. பேக்கப் அவர்கள் மென்பொருளில் மட்டும்தான் திறக்கும். தெருவில் பாதிக் குடும்பங்களின் பாக்கி அதற்குள் இருக்கிறது. இப்போது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டிருக்கிறோம், மார்ச்சுக்குள் முடிந்துவிடும். நண்பருக்கு முக்கியமாகச் சொல்வது இதுதான்: எதை வாங்கினாலும், பாக்கிக் கணக்கை முழுசாக வெளியே எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டெமோவில் இதை அவர்களாகக் காட்ட மாட்டார்கள்.

வசதி, வேகம், விலை என்று கணக்குப் பார்த்தால் பத்துக்கு எட்டு கொடுக்கலாம். பாதி விலைக்கு அதைவிட நல்ல பேரம் இல்லை. எனக்கு வேண்டாம். இப்போது மூன்று பேரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன், அதில் ஒன்று பழைய டீலர் புதிதாக எடுத்திருப்பது. ரிப்போர்ட் எல்லாம் சுமார்தான். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மூன்று பேருடைய சர்வீஸ் எண்ணுக்கும் கூப்பிட்டேன். இரண்டில் பாட்டு பாடியது. பழைய டீலர் எடுத்து, "கடையில கூட்டமா இருக்கா, இப்பவே பார்க்கணுமா?" என்று கேட்டார்.