பூனை உள்ள வீட்டில ஆமை: கண்ணாடி டாங்கா, முற்றத்துச் சீமெந்துத் தொட்டியா?

வீட்டில பூனையும் இருக்கு, ஆமையும் இருக்கு எண்டால் எனக்குத் தெரிஞ்சு மூண்டு வழிதான். ஹோலுக்குள்ள கண்ணாடி டாங்க் வச்சு மேல வலை மூடி போடலாம். வெளியில சீமெந்துத் தொட்டி கட்டி இரும்பு வலைக்கதவு போடலாம். இல்லாட்டி "அதுகள் பழகீடும்" எண்டு ரெண்டையும் ஒரே நிலத்தில விடலாம். அக்கா ஆக்கள் கனடாவுக்குப் போகேக்க தங்கட ரெண்டு ஆமையையும் எங்களிட்டத்தான் விட்டிட்டுப் போனவை, எங்கட வீட்டில அப்பவே பூனை இருந்தது, அதோட வெள்ளவத்தையில எங்கட லேனில சுத்துற ஆற்றையோ பூனையெல்லாம் மதிலால குதிச்சு உள்ள வரும். முதல் கண்ணாடி டாங்க் வச்சிருந்தம், இப்ப பின்முற்றத்தில சீமெந்துத் தொட்டி. நான் சீமெந்துத் தொட்டிப் பக்கம்தான், அதை முதலே சொல்லிப்போட்டு எழுதுறன்.

எங்களிட்ட இருக்கிறது ரெட் இயர்ட் ஸ்லைடர், கண்ணுக்குப் பின்னால சிவப்புக் கோடு இருக்குமே அந்தத் தண்ணி ஆமை. பிறந்த குஞ்சு 3 சென்ரிமீற்றர் அளவுதான் இருக்கும், பெட்டை 25 சென்ரிமீற்றர் மட்டும் வளரும், வடிவாப் பாத்தால் 30 வருஷம் கூட இருக்கும். நட்சத்திர ஆமையைப் பற்றி நான் இங்க கதைக்கேல்ல. அது எங்கட நாட்டுக் காட்டு ஆமை, சட்டத்தால பாதுகாக்கப்பட்டது, வீட்டில வச்சிருக்கக் கூடாது, 2019 இல சைட்டிஸ் எண்ட காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்திற சர்வதேச ஒப்பந்தத்தில முதலாம் பட்டியலுக்கே ஏத்திட்டாங்க. ஆராவது கொண்டுவந்து தாறன் எண்டாலும் வாங்காதேங்கோ.

பூனை என்ன செய்யும் எண்டதில பெரிசா விளக்கத் தேவையில்ல. குஞ்சு ஆமை அசையிற சின்னச் சாமான், ஓடும் மெத்து, கவ்விக்கொண்டு போகலாம். வளந்த ஆமையைப் பூனை கனக்கக் கவனிக்காது, ஆனா வெளியில நீட்டின காலையோ வாலையோ நகத்தால ஒருக்கா தட்டிப் பாத்தாலே காணும். பூனையின்ர வாயில பாஸ்டுரெல்லா எண்ட பக்டீரியா சாதாரணமா இருக்கும், பல்லுப் பட்ட துளை குண்டூசி குத்தின மாதிரிச் சின்னதா மேல மூடிப்போட்டு உள்ளுக்குச் சீழ் வைக்கும். ஆமையின்ர சீழ் எங்கட மாதிரித் தண்ணியா வடியாது, கட்டியா இறுகி நிக்கும், அதால வெளியில தெரியவே நாள் எடுக்கும்.

இனி கண்ணாடி டாங்க். நல்ல விஷயங்கள் இருக்கு, இல்லையெண்டு சொல்ல ஏலாது. காகம் வராது, மழை வராது, ஆமையை எப்பவும் கண்ணால பாத்துக்கொண்டிருக்கலாம், சின்னக் குஞ்சு எண்டால் முதல் வருஷம் இதுதான் சரியெண்டு நானே சொல்லுவன். ஆனா ஆமைக்கு வெயில் வேணும், வெயிலில இருக்கிற யூவிபி கதிர் இல்லாட்டி கல்சியம் உடம்பில சேராது, ஓடு மெத்துப்போய் வளையத் தொடங்கும். யன்னலடியில வச்சாச் சரி எண்டு கனபேர் நினைக்கினம், சாதாரணக் கண்ணாடிக்குள்ளால யூவிபி வராது. அப்ப அதுக்கெண்டே ஒரு பல்ப் வேணும், வெளிச்சம் எரிஞ்சுகொண்டிருந்தாலும் 6 மாசம் தொடக்கம் ஒரு வருஷத்துக்குள்ள கதிர் குறைஞ்சிடும், மாத்த வேணும். சூட்டுக்கு இன்னொரு பல்ப். அந்தச் சூட்டுக்குத்தான் பூனை வரும், ஆமைக்கு இல்ல. மழை நாளில டாங்கின்ர வலை மூடிதான் வீட்டிலயே வெதுவெதுப்பான இடம், ஏறிப் படுத்திடும். நாலு கிலோப் பூனை படுக்கிறதுக்கு அந்த மெல்லிய வலை செய்யப்படேல்ல, நடுவில தொய்ஞ்சு போகும், பல்ப் சரிஞ்சு தண்ணிக்குள்ளயோ துணியிலயோ விழுந்தால் அது வேற ஆபத்து. அதோட கரண்ட். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, அப்ப பில்டர் இல்லாமல் ஸ்லைடர் இருக்கிற டாங்கின்ர மணம் எப்பிடி இருக்கும் எண்டு வச்சிருந்தாக்களுக்குத் தெரியும்.

ஆனா இதெல்லாம் காசாலயும் கவனத்தாலயும் சரிக்கட்டலாம். நான் முடிவெடுத்தது வேற ஒரு காரணத்தால: மூடியை எத்தினை தரம் திறக்க வேண்டி வருது?

யோசிச்சுப் பாருங்கோ, மூடி பூட்டியிருக்கும்வரைக்கும் எந்த டாங்கும் பாதுகாப்புத்தான். ஆபத்து திறக்கிற நேரத்தில மட்டும்தான் வருது. கண்ணாடி டாங்கில சாப்பாடு போடத் திறக்க வேணும், மிஞ்சினதை அள்ளத் திறக்க வேணும், பில்டர் ஸ்பொஞ்ச் கழுவத் திறக்க வேணும், பல்ப் மாத்தத் திறக்க வேணும், எல்லாத்தையும் விடத் தண்ணி மாத்திறது. ஸ்லைடர் மீனை விடக் கனக்க ஊத்தையாக்கும், சாப்பிட்ட தண்ணிக்குள்ளயே கழிக்கும், பில்டர் இருந்தாலும் தண்ணியைக் கிழமைக்கு ஒருக்காவது மாத்தத்தான் வேணும். அப்ப ஆமை வாளிக்குள்ள, வாளி நிலத்தில, டாங்க் திறந்தபடி, உங்கட ரெண்டு கையும் நனைஞ்சிருக்கு, அந்த நேரம் பாத்து வெளியில பாண் விக்கிற சூன் பாண் ஓட்டோ பாட்டோட வரும், பிள்ளையள் கேட்டடிக்கு ஓடும், கதவு திறந்து கிடக்கும், பூனை எங்க நிக்குது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க கவனமா இருந்தாலும் வீட்டில மாமி இருப்பா, பிள்ளையள் இருக்கும், ஊரில இருந்து வந்து நிக்கிற சொந்தக்காரர் இருப்பினம், எல்லாரும் ஒவ்வொரு தரமும் கொழுக்கியைப் போடுவினம் எண்டு நம்பி உயிரொண்டை வைக்க ஏலாது. ஆக்களின்ர ஞாபகத்தில தங்கியிருக்கிற மூடி எனக்கு வேண்டாம் எண்டு நினைச்சுத்தான் சீமெந்துத் தொட்டிக்குப் போனது.

எங்கட தொட்டியில அடியில ஒரு பிவிசி வால்வ் இருக்கு, உள்வாயில சல்லடை போட்டு. வெளியில நிண்டு வால்வைத் திறந்தால் ஊத்தைத் தண்ணி முழுக்கப் போயிடும், ஹோஸ் பைப்பை வலைக்கு மேல பிடிச்சால் புதுத் தண்ணி நிரம்பும். ஆமையைத் தூக்கத் தேவையில்ல, மூடி திறக்கத் தேவையில்ல. ஆமைச் சாப்பாட்டு பெல்லட் வலைக் கண்ணுக்குள்ளால விழும், கங்குன் கீரைத் தண்டை நீட்டினால் உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும், கணவாய் ஓட்டைத் துண்டுதுண்டா உடைச்சுப் போட்டால் மிதந்துகொண்டிருக்கும், வேணுமெண்டேக்க கடிச்சுக் கல்சியம் எடுக்கும். பெரிய கதவு திறக்கிறது உள்ளுக்குத் தேய்க்கேக்க மட்டும்தான், அதை நாங்க பூனையளை அறையில விட்டுப் பூட்டிப்போட்டு வசதியான நேரம் செய்யிறம். மூடி திறக்கிற வேலை அவ்வளவு குறைஞ்சிட்டுது.

கட்டுறதெண்டால் சில விஷயம் மேசன் பாஸுக்கு முதலே சொல்லோணும். வலை அரை இஞ்சிக் கண் வெல்ட் மெஷ், கோழி வலை வேண்டாம், அதைப் பூனை படுத்துப் படுத்தே வளைச்சிடும், ஒரு இஞ்சிக் கண்ணுக்குள்ளால கையும் போகும். ஆமை ஏறி வெயில் காயிற கல்லுக்கும் வலைக்கும் இடையில ஒரு அடியாவது இடைவெளி வேணும், பூனையின்ர நகத்துக்கு மட்டுமில்ல, காகத்தின்ர சொண்டுக்கும்தான், கொழும்பில காகத்தை மறந்து வெளியில ஒண்டையும் வளக்க ஏலாது. கால்வாய்ப் பக்கம் இருக்கிறாக்களுக்குக் கபரகொயா எண்ட பெரிய தண்ணி உடும்பு வேற வரும். மேல்விளிம்புக்குக் கீழ ஒரு ஓவர்ஃப்ளோ பைப், அதுக்கும் சல்லடை. மே மாசம் தென்மேல் மழை தொடங்கினால், ஒக்டோபர் நவம்பரில பின்னேர இடிமழை அடிச்சால், அந்தப் பைப் இல்லாத தொட்டி வழிஞ்சு ஆமை வலையோட வந்து முட்டும். பாதித் தொட்டிக்கு நிழல் கட்டாயம், மார்ச் ஏப்பிரலில ஆழமில்லாத தண்ணி வெயிலில கொதிக்காத குறைதான், ஆமைக்கு ஒதுங்க இடம் வேணும். பில்டரும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம், கொழும்புச் சூடே போதும்.

குறையும் சொல்லத்தான் வேணும். பெரிசு ரெண்டு இருக்கு. ஒண்டு கடற்காத்து. காலி வீதிக்குக் கடல் பக்கம் இருக்கிற வீடுகளில இரும்பு எவ்வளவு கெதியாத் துருப்பிடிக்கும் எண்டு சொல்லத் தேவையில்ல, கல்வனைஸ் பண்ணின வலை எண்டாலும் வெல்டிங் வச்ச இடத்தில முதல் துரு வரும், பிணைச்சல் இறுகும், வெளியில நல்லாத் தெரிஞ்சாலும் ஒரு மூலை உள்ளுக்கு உக்கிப்போயிருக்கும், பூனை அந்த மூலையைத்தான் கண்டுபிடிக்கும். வருஷத்துக்கு ஒருக்காவது சுரண்டித் துருத் தடுப்புப் பெயின்ற் அடிக்க வேணும், இதைத் தள்ளிப்போடுறாக்கள் சீமெந்துத் தொட்டிக்கு வராம இருக்கிறது நல்லம்.

மற்றது டெங்கு. வீட்டுக்குள்ள தேங்கின தண்ணி இருந்தால் பிஎச்ஐ, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து கேப்பார், கேக்கத்தான் வேணும், மழைக்குப் பிறகு எங்கட லேனிலயே டெங்கு வந்த ஆக்கள் இருக்கினம். நுளம்பு முட்டையில இருந்து பறக்கிறதுக்கு ஒரு கிழமை பத்து நாள் எடுக்கும், அதுக்குள்ள வால்வைத் திறந்து முழுசா வடிய விட்டால் குடம்பி எல்லாம் போயிடும். ஆனா ஈடிஸ் நுளம்பு முட்டையைத் தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல சுவரில ஒட்டி வைக்கும், அது காஞ்சாலும் மாசக்கணக்கில சாகாது, அதால வடிச்சாக் காணாது, அந்த வரியைப் பிரஷ்ஷால தேய்க்க வேணும். கப்பி மீன் விட்டால் சரிதானே எண்டு கேப்பினம், ஆமை கப்பியைத் திண்டு முடிச்சிடும்.

மூண்டாவது வழி, பழக விடுறது. எனக்கு அதில நம்பிக்கையில்ல. பூனையும் ஆமையும் பக்கத்தில படுத்திருக்கிற வீடியோக்கள் கனக்க வருது, வளந்த ஆமை, வயசுபோன பூனை எண்டால் நடக்கும்தான், ஆனா பூனைக்கு வேட்டைப் புத்தி எந்த நேரம் வரும் எண்டு ஆரும் சொல்ல ஏலாது. ஆமைப் பக்கமும் யோசிக்க வேணும், ஸ்லைடர் நல்லாக் கடிக்கும், தண்ணி குடிக்க வாற பூனையின்ர மூக்கைப் பிடிச்சால் விடாது. பார்வைக்கு நல்லாயிருக்கிற ஆமையிலயும் சல்மொனெல்லா இருக்கலாம், அமெரிக்காவில 4 இஞ்சிக்குச் சின்ன ஆமை விக்கிறதை 1975 இலயே தடைசெய்தது அதாலதான். அந்தத் தண்ணியைப் பூனை நக்குறதும், அந்தப் பூனை குசினி மேசையில ஏறுறதும் ஒரு வீட்டுக்கு நல்லமில்ல. தரை ஆமை வச்சிருக்கிற ஆக்களோட கதைச்ச அளவில, நான் வளத்ததில்ல, அவைக்கு இன்னொரு தொல்லை: மண் நிரப்பின கூட்டைப் பூனை தன்ர கக்கூசா நினைச்சிடும், ஆமை அதைத் தின்னவும் செய்யும். பூனைச் சாப்பாட்டுக் கோப்பையும் நிலத்தில இருக்கக் கூடாது, புல்லுத் தின்னிற தரை ஆமைக்கு அந்தப் புரதம் கூடாது. அவைக்கும் மேல மூடின கூடுதான் வழி.

வாடகை வீட்டில இருக்கிறாக்களுக்கு மேசன் பாஸைக் கூப்பிட வீட்டுக்காரர் விடமாட்டார். பெரிய ஃபைபர் தொட்டி ஒண்டு எடுத்து அடியில ஓட்டை போட்டு வால்வ் பூட்டி, மேல வலைச்சட்டம் செய்விச்சால் அதே வேலை நடக்கும், வீடு மாறேக்க தூக்கிக்கொண்டும் போகலாம். மேல்மாடி ஃபிளாட் பால்கனி எனக்கு அனுபவம் குறைஞ்ச இடம். தண்ணிப் பாரத்தை யோசிக்கோணும், 1 கன மீற்றர் தண்ணி ஆயிரம் கிலோ, எவ்வளவு தாங்கும் எண்டு கட்டடத்தைத் தெரிஞ்ச ஆரிட்டயாவது கேட்டுப்போட்டு வையுங்கோ. ஒண்டும் சரிவராட்டி வளக்க விருப்பமான ஆரிட்டயாவது குடுங்கோ, பேர வாவியிலயோ தியவன்னாவிலயோ மட்டும் விடாதேங்கோ. உலகத்தில மோசமான 100 ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில இந்த ஆமையும் இருக்கு, எங்கட ஆமையளின்ர இடத்தைப் பிடிச்சிடும்.

எந்த வழியில வச்சிருந்தாலும் பூனை பல்லோ நகமோ பட்டிட்டுது எண்டால், கீறல் சின்னது எண்டு விடாமல் அண்டைக்கே மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோங்கோ. போகும்வரைக்கும் சேலைன் தண்ணியால கழுவி, தொட்டிக்குள்ள திரும்பப் போடாமல், ஈரத்துணி விரிச்ச பெட்டிக்குள்ள வையுங்கோ. பூனைக்கு உண்ணி சொறிக்கெண்டு வீட்டில ஐவர்மெக்டின் கிடந்தால் அதை ஆமைக்கு ஒரு சொட்டும் குடுக்கக் கூடாது, ஆமைக்கு அது நஞ்சு. வைத்தியரிட்டப் போன உடன ஆமை எண்டதையும் தண்ணி ஆமை எண்டதையும் முதலே சொல்லுங்கோ, நாய் பூனை பாக்கிற எல்லா இடத்திலயும் ஆமை பாக்கமாட்டினம், அதால எந்த கிளினிக்கில பாக்கினம் எண்டு இப்பவே ஃபோன் பண்ணிக் கேட்டு நம்பரை எழுதி வையுங்கோ.