இண்டஸ்ட்ரியல் சுவிட்ச் போட்டு கையெழுத்து கேட்டா, முதல்ல கரண்ட்டை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க

ஃபேக்டரில மெயின்டனன்ஸ் பாக்கறவங்க, புதுசா மேனேஜ்டு ஈதர்நெட் சுவிட்ச் (மெஷின்களை நெட்வொர்க்ல சேர்க்கற, உள்ள போய் செட்டிங் போடக்கூடிய பெட்டி) போடப் போறவங்க தயவுசெஞ்சு இதை கடைசி வரைக்கும் படிங்க, கொஞ்சம் நீளம்தான். எங்களுக்கு நடந்ததை அப்படியே எழுதறேன். போட்டுக் கொடுத்த கம்பெனி பேரை எழுதல, ஆனா வேலையை எப்படி ஏமாத்துவாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா யார் வந்தாலும் நீங்களே கண்டுபிடிச்சிடலாம்.

எங்க பேக்கிங் லைன்ல பி.எல்.சி (லைனை ஓட்டற கன்ட்ரோலர்), எச்.எம்.ஐ (ஆபரேட்டர் ஸ்கிரீன்), ரிமோட் ஐ.ஓ (சென்சார், வால்வு சிக்னலை பி.எல்.சியோட இணைக்கற பெட்டி), டிரைவ் (மோட்டார் வேகத்தை மாத்தறது), ரெண்டு கேமரா எல்லாமே சாதாரண சுவிட்சுல ஒண்ணு பின்னாடி ஒண்ணா தொங்கிட்டு இருந்துச்சு, நடுவுல ஒரு கேபிள் போச்சுன்னா அதுக்கு அந்தப் பக்கம் மொத்தமும் செத்துடும். அதனால 6 மேனேஜ்டு சுவிட்ச் வாங்கி எம்.ஆர்.பி ரிங்கா, அதாவது சுவிட்சுகளை வட்டமா இணைச்சு ஓட்டற முறைல, போட்டுடலாம்னு முடிவு பண்ணோம். ரிங்ல ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் சுத்தி டேட்டா போயிடும், 50 சுவிட்ச் வரைக்கும் இருந்தாலும் 200 மில்லிசெகண்டுக்குள்ள பாதை மாறிடும். பழைய ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்ல லூப் வராம தடுக்கற முறை) மாதிரி 30 செகண்ட், 50 செகண்ட் எடுத்துக்கிட்டா எங்க லைன் தாங்காது. சுவிட்ச் சப்ளை, பேனல் வேலை, கான்ஃபிகரேஷன், டெஸ்டிங் எல்லாத்தையும் ஒரே பார்ட்டிகிட்ட கொடுத்தோம்.

வந்த இன்ஜினியர் ரெண்டே நாள்ல முடிச்சுட்டார். லேப்டாப்ப வச்சு பிரவுசர்ல ஒவ்வொரு சுவிட்சா ஓப்பன் பண்ணி வி-லேன் (ஒரே சுவிட்சுக்குள்ள நெட்வொர்க்கைத் தனித்தனியா பிரிக்கறது) போட்டார், ரிங் போர்ட் போட்டார், எல்லா டிவைஸும் பிங் (இருக்கியான்னு கேட்டு பதில் வாங்கற டெஸ்ட்) ஆகுதுன்னு காட்டினார், லைன் ஓடுச்சு. பாஸ்வேர்டு கேட்டேன். "அது எங்க கம்பெனி செக்யூரிட்டி பாலிசி சார், எங்ககிட்டதான் இருக்கும், எதாவது மாத்தணும்னா ஒரு கால் பண்ணுங்க, வந்து பண்ணித் தரோம்"னார். அங்கயே நான் நிறுத்தியிருக்கணும். புரொடக்ஷன்ல இருந்து எப்ப லைன் தருவீங்கன்னு நச்சரிச்சுட்டு இருந்தாங்க, ரிப்போர்ட்ல "ரிடண்டன்சி டெஸ்ட் செய்யப்பட்டது, சரி"ன்னு டிக் அடிச்சு நீட்டினார், நான் கையெழுத்துப் போட்டுட்டேன். என் கண்ணு முன்னாடி எந்த கேபிளையும் அவர் பிடுங்கிக் காட்டல.

முதல் வாரத்துலயே 3ஆம் நம்பர் ரிமோட் ஐ.ஓ அப்பப்ப விட்டு விட்டு வந்துச்சு, ஷிஃப்டுக்கு ரெண்டு தடவையாவது லைன் நிக்கும். போன் பண்ணா "உங்க கேபிள் சரியில்ல சார்". கேபிளை மாத்தினோம். திரும்பவும் அதே. கனெக்டர் சரியா கிரிம்ப் பண்ணலன்னாங்க, ரெடிமேட் பேட்ச் கார்டு வாங்கிப் போட்டோம். அப்பவும் அதே. பக்கத்துல டிரைவ் இருக்கு, நாய்ஸ் வருதுன்னாங்க, ராத்திரி உக்காந்து கேபிள் ரூட்டையே மாத்தினோம். சுவிட்சுக்குள்ள போய் அந்த போர்ட்ல எரர் எவ்வளவு ஏறுதுன்னு பாத்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும், ஆனா பாஸ்வேர்டு எங்ககிட்ட இல்ல.

மூணு மாசம் கழிச்சு வருஷாந்திர ஷட்டவுன். மெயின் பவரை எடுத்துட்டு எலக்ட்ரிக்கல் வேலை எல்லாம் முடிச்சு சாயங்காலம் பவர் கொடுத்தோம். பி.எல்.சி ரன்ல வந்துச்சு, ரெண்டு நிமிஷத்துல எல்லா எச்.எம்.ஐலயும் கம்யூனிகேஷன் ஃபெயில். பேனலைத் திறந்து பாத்தா 6 சுவிட்சுலயும் எல்லா போர்ட் லைட்டும் ஒரே வேகத்துல, ஒரே மாதிரி, நிக்காம துடிச்சுக்கிட்டு இருக்கு. லேப்டாப்ப சொருகினா லேப்டாப்பே திணறுது. இப்படி எல்லா லைட்டும் சேர்ந்து துடிக்கறதை எங்கயாவது பாத்தீங்கன்னா முதல்ல லூப்பைத்தான் சந்தேகப்படணும், அது பிராட்காஸ்ட் ஸ்டார்ம். ஈதர்நெட் ஃபிரேமுக்கு (கேபிள்ல போற டேட்டா துண்டு) ஐ.பி பாக்கெட் மாதிரி இத்தனை தடவை தாண்டினா செத்துடணும்ங்கற கணக்கு கிடையாது, வட்டத்துல மாட்டிக்கிச்சுன்னா சுத்திக்கிட்டே, பெருகிக்கிட்டே இருக்கும். ரிங் புரோட்டோகால் ஓடும்போது ரிங் மேனேஜர் சுவிட்ச் தன்னோட ஒரு போர்ட்டை பிளாக் பண்ணி வச்சிருக்கும், அதனாலதான் வட்டமா கேபிள் போட்டாலும் வட்டமா ஓடாது. அந்த காவல்காரன் இல்லன்னா ரிங்கே எமன்.

எங்க எலக்ட்ரீஷியன் தம்பிகிட்ட ரிங் கேபிள்ல எதாவது ஒண்ணை மட்டும் உருவுன்னு சொன்னேன். உருவின அடுத்த நொடி எல்லா லைட்டும் அமைதியாயிடுச்சு. "என்னண்ணே இது, கேபிளை புடுங்கினா வேலை செய்யுது"ன்னு அவன் கேட்டது இன்னும் காதுல இருக்கு.

லைன் வந்துச்சு, ஆனா தடுக்கித் தடுக்கித்தான் ஓடுச்சு. கேமராவுக்கு தனி வி-லேன் போட்டிருந்தாங்க, ஐ.ஜி.எம்.பி ஸ்னூப்பிங்கும் (வீடியோவை கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அனுப்பற செட்டிங்) ஆன்ல இருந்துச்சு, இப்ப ரெண்டும் இல்ல. கேமராவோட மல்டிகாஸ்ட் வீடியோ தேவையில்லாத போர்ட்டுக்கெல்லாம் பாயுது, 100 எம்.பி போர்ட்ல உக்காந்திருக்கற ரிமோட் ஐ.ஓ பாவம் மூச்சு முட்டி வாட்ச்டாக் டைம்அவுட் (குறிச்ச நேரத்துல டேட்டா வரலன்னு நின்னுடறது) ஆகுது. கேமராவைக் கழட்டிட்டு அன்னைக்கு ராத்திரியை ஓட்டினோம்.

காலைல அந்த கம்பெனிக்கு போன் போட்டா பதில் ரெடியா இருந்துச்சு. "பவர் சர்ஜ்ல சுவிட்ச் மெமரி கரப்ட் ஆயிருக்கும் சார், அது வாரண்டில வராது, விசிட் சார்ஜ் தனி, 6 சுவிட்சும் திரும்ப கான்ஃபிகர் பண்ணணும்னா அதுக்கு தனி கொட்டேஷன் அனுப்பறோம்". ஆறு சுவிட்சும், வேற வேற பேனல்ல இருக்கறது, ஒரே நேரத்துல மெமரி கரப்ட் ஆகுமான்னு கேட்டேன். ஆகும் சார்னாங்க.

எனக்கு மனசு ஒப்பல. ஒரு சுவிட்சுல கன்சோல் கேபிளைப் போட்டு லேபிள்ல இருக்கற டீஃபால்ட் யூசர்நேம், பாஸ்வேர்டு அடிச்சேன், உள்ள விட்டுடுச்சு. அதாவது மொத்தமும் ஃபேக்டரி டீஃபால்ட்டுக்குப் போயிருக்கு, எங்க மாடல்ல டீஃபால்ட்ல ரிங்கும் ஆஃப், ஸ்பானிங் ட்ரீயும் ஆஃப். சோதிச்சுப் பாக்கலாம்னு ஒரு வி-லேன் போட்டு அப்ளை கொடுத்தேன். ஸ்கிரீன்ல மேல ஓரத்துல சின்னதா ஒரு மஞ்சள் முக்கோணம் வந்துச்சு. பவரை எடுத்து திரும்பக் கொடுத்தேன், வி-லேன் காணோம். மறுபடி போட்டு, அப்ளை கொடுத்து, தனியா சேவ் கொடுத்தேன், முக்கோணம் மறைஞ்சுது. பவரை எடுத்துக் கொடுத்தா வி-லேன் அப்படியே இருக்கு. மெமரில ஒரு கோளாறும் இல்ல.

இது புதுசா வர்றவங்களுக்கு விளங்கணும்னு சொல்றேன். நிறைய மேனேஜ்டு சுவிட்சுல ஓடிக்கிட்டு இருக்கற கான்ஃபிக் வேற, பவர் வரும்போது எடுத்துக்கற ஸ்டார்ட்அப் கான்ஃபிக் வேற. அப்ளை கொடுத்தா அந்த நேரத்துக்கு வேலை செய்யும், அவ்வளவுதான். சேவ் பண்ணாதான் ஸ்டார்ட்அப்ல ஏறும். சேவ் பண்ணலன்னா பவர் போற நாள் வரைக்கும் எல்லாம் நல்லா இருக்கற மாதிரியே இருக்கும்.

அப்புறம் அவங்க கொடுத்த கமிஷனிங் ரிப்போர்ட்டை எடுத்துப் பாத்தேன். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட் ஒட்டியிருந்தாங்க. பெருசு பண்ணிப் பாத்தா ஆறுலயும் அந்த மஞ்சள் முக்கோணம் இருக்கு! சேவ் பண்ணலங்கறதுக்கு அவங்க ரிப்போர்ட்டே சாட்சி, அதுக்குக் கீழதான் என் கையெழுத்தும் இருக்கு.

அதே ஸ்கிரீன்ஷாட்டை வச்சுத்தான் நாங்களே உக்காந்து ஆறையும் திரும்ப கான்ஃபிகர் பண்ணோம். அப்பதான் இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. 3ஆம் நம்பர் ரிமோட் ஐ.ஓ சொருகியிருந்த போர்ட்டை 100 ஃபுல் டூப்ளெக்ஸ்னு (100 எம்.பி வேகம், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அனுப்பலாம்) ஃபிக்ஸ் பண்ணி வச்சிருந்தாங்க, ஐ.ஓ பக்கம் ஆட்டோ. ஒரு பக்கம் ஃபிக்ஸ், ஒரு பக்கம் ஆட்டோன்னா ஆட்டோ பக்கத்தால வேகத்தை மட்டும்தான் கண்டுபிடிக்க முடியும், டூப்ளெக்ஸ் தெரியாது, அதனால அது ஹாஃப்ல (ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும்) போய் உக்காந்துக்கும். ஒருத்தர் பேசும்போதே இன்னொருத்தர் பேசற கதை, சுவிட்ச் பக்கம் சி.ஆர்.சி எரர் (சிதைஞ்சு வர்ற ஃபிரேம்) ஏறும், அந்தப் பக்கம் லேட் கொலிஷன் (தாமதமா வர்ற மோதல்) வரும், பிங் அடிச்சா மட்டும் நல்லாத்தான் காட்டும். டீஃபால்ட்டுக்குப் போனதுல ரெண்டு பக்கமும் ஆட்டோ ஆயிடுச்சு, அன்னைல இருந்து அந்த ஐ.ஓ ஒரு தடவை கூட விடல. நாங்க மாத்தின கேபிள், ராத்திரி முழுக்க பிரிச்சுப் போட்ட ரூட் எல்லாம் வீண்.

சரி, இவ்வளவு பண்ணவங்க பேனல்ல என்ன பண்ணியிருப்பாங்கன்னு ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்தோம். இதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது. சுவிட்சு மேல 24 வோல்ட் டெர்மினல்ல பி1, பி2ன்னு ரெண்டு சப்ளை கொடுக்க இடம் இருக்கும், ஒரு எஸ்.எம்.பி.எஸ் (24 வோல்ட் பவர் சப்ளை) போனா இன்னொண்ணு தாங்கணும். எங்க கொட்டேஷன்ல பேனலுக்கு ரெண்டு எஸ்.எம்.பி.எஸ்னு தெளிவா எழுதியிருக்கு, ரெண்டுக்கும் பில் போட்டிருக்காங்க. பேனல்ல இருந்தது ஒண்ணு. பி1 பிளஸ்ல இருந்து பி2 பிளஸ்சுக்கு விரல் நீளம் கூட இல்லாத ஒரு சிவப்பு ஒயரை, ஃபெரூல் (ஒயர் நுனில அடிக்கற உறை) கூட அடிக்காம, முறுக்கி சொருகி வச்சிருந்தாங்க. பி2ல சப்ளை இல்லன்னா சுவிட்சு முகப்புல ஃபால்ட் லைட் சிவப்பா எரியும், அது எரியக்கூடாதுங்கறதுக்காக மட்டும் போட்ட ஒயர் அது. தெரியாம செஞ்ச தப்புன்னு இதைச் சொல்ல முடியாது. ஃபால்ட் ரிலே (கோளாறு வந்தா பி.எல்.சிக்கு அலாரம் கொடுக்கறது) டெர்மினல்ல ஒரு ஒயர் கூட இல்ல, எர்த் ஸ்க்ரூ பாக்கெட்ல வந்த மாதிரியே புதுசா இருக்கு. ஃபைபர் போட்ட ரெண்டு சுவிட்சுல எஸ்.எஃப்.பியை (ஃபைபர் சொருகற சின்ன மாட்யூல்) உருவிப் பாத்தா லேபிள்ல 0 முதல் 70 டிகிரின்னு போட்டிருக்கு, நாங்க கேட்டு காசு கொடுத்தது மைனஸ் 40 முதல் 85 வரைக்கும் தாங்கற இண்டஸ்ட்ரியல் கிரேடு. சுவிட்ச் அந்த ரேட்டிங்ல இருந்து என்ன புண்ணியம், அதுக்குள்ள சொருகினது தாங்கலன்னா லிங்க் போயிடுமே, அதுவும் டிரைவ் இருக்கற சூடான பேனல்ல.

அதனால கேட்டுக்கறேன், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்க முன்னாடியே அந்த பேனலோட பவரை முழுசா எடுத்து அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கொடுக்கச் சொல்லுங்க, எல்லாம் தானா வரணும். லைன் ஓடும்போதே ரிங் கேபிள்ல ஒவ்வொண்ணா பிடுங்கச் சொல்லுங்க, எச்.எம்.ஐல ஒரு அலாரம் கூட வரக்கூடாது. ரெண்டு எஸ்.எம்.பி.எஸ்ல ஒவ்வொண்ணா எம்.சி.பியை இறக்கிப் பாருங்க, ஃபால்ட் லைட் எரியணும், ரிலே அலாரம் பி.எல்.சில வரணும், சுவிட்ச் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கணும். எஸ்.எஃப்.பியை உருவி லேபிளைப் படிங்க. அட்மின் பாஸ்வேர்டும் ஒவ்வொரு சுவிட்சோட கான்ஃபிக் ஃபைலும் உங்க கைக்கு வரணும், சுவிட்ச் உங்க சொத்து, பாஸ்வேர்டு எங்க பாலிசின்னு யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க. வாங்கினதும் பாஸ்வேர்டை மாத்துங்க, டெல்நெட்டை (பாஸ்வேர்டை மறைக்காம அனுப்பற பழைய லாகின் வழி) ஆஃப் பண்ணுங்க, எஸ்.என்.எம்.பி (சுவிட்சை தூரத்துல இருந்து கண்காணிக்கற வழி) கம்யூனிட்டி, அதாவது அதோட பாஸ்வேர்டு மாதிரி, 'பப்ளிக்'னே இருந்தா அதையும் மாத்துங்க, முடிஞ்சா வெர்ஷன் 3க்குப் போயிடுங்க. இதெல்லாம் முடிய ஒரு ஷிஃப்ட் ஆகும், புரொடக்ஷன்காரங்க கத்துவாங்க, கத்தட்டும். கடைசி பேமெண்ட்டை அதுவரைக்கும் விடாதீங்க, நாங்க கையெழுத்துப் போட்ட மறுவாரமே முழுசா கொடுத்துட்டோம், அதனால இப்ப எங்க கைல பிடி எதுவும் இல்ல.

போட்டோ, ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வச்சு லெட்டர் அனுப்பியிருக்கோம். ரெண்டு வாரமா பதில் இல்ல, இன்ஜினியர் போனை எடுக்கறதில்ல. குறைஞ்ச எஸ்.எம்.பி.எஸ்சை நாங்களே வாங்கி மாட்டிட்டோம், எர்த் போட்டாச்சு, கான்ஃபிக் ஃபைல் ரெண்டு இடத்துல இருக்கு, ரிங்கும் இப்ப கேபிளைப் பிடுங்கினா அசையாம நிக்குது.

இன்னொரு பிளான்ட்ல வேலை பாக்கற நண்பர்கிட்டயும் இதைச் சொன்னேன், அவங்களுக்கும் இதே ஆளுங்கதான் போட்டுக் கொடுத்தாங்க. நேத்து ராத்திரி பேனலைத் திறந்து ஒரு போட்டோ அனுப்பினார். பி1ல இருந்து பி2க்கு அதே சிவப்பு ஒயர்.