மேட்டில் நிறுத்தாதீர்கள்: நான்கு ஆண்டு இ-பைக் சுற்றுகளுக்குப் பிறகு

பள்ளி நண்பன் போன வாரம் போனில் கேட்டான். "குடும்பத்தோட வர்றோம்டா. கரண்டு சைக்கிள்ல மலை மேலெல்லாம் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டுறாங்களே, அதுல போகலாமா?" போகலாம், வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடக்கூடிய கேள்விதான். என்னால் முடியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

எங்கள் மலை நகரத்தில் அந்த இ-பைக் சுற்றுக்கு, அதாவது மிதிக்கும்போது மோட்டாரும் கூடவே தள்ளிவிடும் சைக்கிளில் வழிகாட்டியோடு ஊர் சுற்றுவதற்கு, நான்கு ஆண்டுகளில் ஒன்பது முறை போயிருக்கிறேன். இரண்டு முறை தனியாக, மற்றதெல்லாம் வீட்டுக்கு வந்தவர்களோடு. கடைசியாகப் போன மாதம் அக்காவோடு. அன்றைக்கு நடந்தது இன்னும் மனதில் சூடாக இருக்கிறது. அதனால் கோபம் கொஞ்சம் தூக்கலாகத் தெரியலாம். முடிந்தவரை நியாயமாகவே சொல்கிறேன்.

முதலில் நல்லது. அக்காவுக்கு 56 வயது. கல்லூரி முடித்த பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை. கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் முதல் மேடு வந்தது. கண்ணால் பார்த்தாலே கால் வலிக்கிற மேடு. அக்கா மிதித்தாள், சைக்கிள் ஏறியது. பாதி தூரத்தில் திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்: "டேய், பின்னாலேருந்து யாரோ தள்ளுறாங்கடா!" சின்ன வயதில் சைக்கிள் பழகும்போது சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கூடவே ஓடி வருவாரே, அந்தக் கை. அது நம்மை விடாமல் உச்சி வரைக்கும் வருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேலே போய் நின்றதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "மூச்சே வாங்கலடா."

இது சும்மா வந்த சுகம் இல்லை, கணக்கு இருக்கிறது. 8 சதவீத ஏற்றம் என்றால் 100 மீட்டர் போவதற்குள் 8 மீட்டர் உயர்கிறோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த மேட்டில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கே ஏறக்குறைய 220 வாட் வேண்டும். பயிற்சி இல்லாத நம்மைப் போன்றவர்களால் தொடர்ந்து தர முடிவது சுமார் 100 வாட். மிச்சத்தை மோட்டார் போடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்து விதிப்படி மோட்டாரின் தொடர் திறன் அதிகபட்சம் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் உதவி நின்றுவிட வேண்டும். கேட்டால் சின்ன எண்ணாகத்தான் தோன்றும். மேட்டில் ஏறிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

பேருந்தில் போயும் அதே உச்சியில் இறங்கலாம். நான் இரண்டும் செய்திருக்கிறேன். பேருந்தில் போனால் காட்சி மொத்தமாக ஒரே தட்டில் வந்து விழும், நாலு படம் எடுத்துவிட்டு இறங்குவோம். சைக்கிளில் ஏறும்போது அது வளைவுக்கு வளைவு பிரிந்து வருகிறது. அடிவாரத்தில் தலைக்கு மேலே தெரிந்த நீர்த்தொட்டி மூன்றாவது வளைவில் கண்மட்டத்துக்கு வரும், உச்சிக்குப் போனால் காலடியில் ஒரு டம்ளர் அளவுக்குக் கிடக்கும். எந்தத் தெரு எங்கே ஏறி எங்கே இறங்குகிறது, ஆறு ஏன் அந்த இடத்தில் திரும்புகிறது, பழைய வீடுகள் ஏன் ஒரு சரிவில் மட்டும் நெருக்கமாக இருக்கின்றன என்பதெல்லாம் கால் வழியாகப் புரிகிறது. ஒன்பது முறையும் எனக்கு இது அலுக்கவே இல்லை.

பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று எல்லோரும் கேட்கிறார்கள். தீராது. 100 கிலோவை 100 மீட்டர் உயரம் தூக்க 27 வாட்-மணி போதும். விரயத்தையும் சேர்த்து 40 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அரை நாளில் மொத்தம் 500 மீட்டர் ஏறினாலும் 200. இந்தச் சைக்கிள்களில் சாதாரணமாக 400, 500 வாட்-மணி பேட்டரி இருக்கும். ஆகவே மேட்டில் உதவியைக் குறைத்து வைத்துக் கஷ்டப்பட வேண்டாம், தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

ஒன்பது சுற்றில் ஏழு சுற்றில், வழிகாட்டி எங்களை ஏற்றத்தின் நடுவில் நிறுத்தினார். ஆள் மாறுகிறார், நிறுவனம் மாறுகிறது, இந்தப் பழக்கம் மட்டும் மாறுவதில்லை. அழகான பழைய வீடு ஒன்று சரிவில் இருக்கும். அதன் கதையைச் சொல்ல வேண்டும். கையைத் தூக்குவார், எட்டுப் பேரும் நிற்க வேண்டும். நிற்பதில் சிரமமில்லை. கதை முடிந்து கிளம்பும்போதுதான் ஆபத்து.

என்ன நடக்கிறது என்று நான் பக்கத்தில் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். அக்கா மாதிரி ஒருவர், ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில். சைக்கிள் 25 கிலோ. நிறுத்தும்போது எந்த கியரில் வந்தாரோ அதே கியரில்தான் இப்போதும் இருக்கிறது, ஏனென்றால் பின்சக்கரத்தில் பல்சக்கர அடுக்கு உள்ள சைக்கிளில் பெடல் சுற்றினால்தான் கியர் மாறும். மிதிக்க லேசான கியருக்கு இறக்கலாம் என்று நின்ற பிறகு பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. பிரேக்கை விடுகிறார், ஓங்கி மிதிக்கிறார். செயின் விறைக்கிறது. ஹேண்டில் இடது பக்கம் திரும்பிவிடுகிறது. பெடல் கால் சுற்று, அரைச் சுற்று போகிறது, மோட்டார் இன்னும் எழவில்லை. விலை குறைந்த வகைகளில் பெடல் அச்சுக்குப் பக்கத்தில் காந்தம் பதித்த ஒரு வட்டத் தகடு இருக்கும். பெடல் சுற்றுகிறது என்று அந்தக் காந்தங்கள் கடந்து போய்ச் சொன்ன பிறகே மோட்டார் ஓடும். அந்த அரைச் சுற்று முழுக்க முழுக்க நம் கால். வேறெங்கும் கை கொடுக்கிற மோட்டார், மிகவும் தேவைப்படுகிற அந்த ஒரு கணத்தில் கை கொடுப்பதில்லை. அப்புறம் திடீரென்று எழுந்து ஒரு உந்து உந்தும். அதற்குள் சைக்கிள் பாதி சாய்ந்திருக்கும்.

காலின் அழுத்தத்தையே அளக்கிற வகை உண்டு. மிதித்த கணமே உதவி வரும், அதில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. பின்சக்கர அச்சுக்குள்ளேயே கியர் அடங்கிய வகையும் உண்டு, அதில் நின்றபடியே கியரை இறக்கிக்கொள்ளலாம். நான் போன இரண்டு நிறுவனங்களில் ஒன்று முதல் வகைச் சைக்கிளை வைத்திருக்கிறது. ஆனால் அதிலும் கெட்டி கியரில் மேட்டில் கிளம்பினால் தடுமாற்றம் இருக்கத்தான் செய்கிறது. ஆகவே குறை சைக்கிளைவிட, நிறுத்துகிற இடத்தில்தான் அதிகம்.

இன்னொன்றும் கூடவே நடக்கிறது. கடைசியாக வருகிறவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. முன்னால் போனவர்கள் ஐந்து நிமிடம் நின்று தண்ணீர் குடித்துப் படம் எடுத்திருப்பார்கள். கடைசி ஆள் வந்து கால் ஊன்றியதும் "எல்லாரும் வந்தாச்சா, கிளம்பலாம்" என்று குரல் வரும். மிகவும் களைத்தவருக்கு மிகக் குறைந்த ஓய்வு. இது எப்படி இவர்கள் கண்ணில் படாமல் போகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். இரண்டாவது ஆண்டில் ஒரு பெண் வழிகாட்டியாக வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு சுற்றுகள் அவரோடு போனேன். நான் மேட்டு நிறுத்தம் பார்க்காத இரண்டு சுற்றுகளும் அவைதான். கிளம்புவதற்கு முன் சமதளத்தில் பதினைந்து நிமிடம் பழக்கினார். நிற்பதற்கு முன்னாலேயே கியரை இறக்கு, கியர் மாற்றும்போது மிதியை ஒரு நொடி இளக்கு, கிளம்பும்போது மேல் பெடலைச் சற்று முன்னால் வைத்துக்கொள், பிரேக்கைப் பிடித்துக்கொண்டே காலில் பாரத்தைக் கொடு, பிறகு விடு. சீட்டையும் ஒவ்வொருவருக்கும் ஒரு விரல் அளவு இறக்கிவைத்தார், கால் முழுதாகத் தரையில் ஊன்றும்படி. சாலையில் நிறுத்தப்போகும் இருபது முப்பது மீட்டருக்கு முன்பே இடது கையில் இரண்டு விரலைக் காட்டுவார். கியரை இறக்கு என்று அர்த்தம். நிறுத்துவதும் எப்போதும் மேடு முடிந்து தரை சமமான பிறகுதான். கதை சொல்ல வேண்டிய வீடு சரிவில் இருந்தால், மேலே போய் நின்று, "நாம இப்ப கடந்து வந்த நீல ஜன்னல் வீடு ஞாபகம் இருக்கா?" என்று திரும்பிக் காட்டிச் சொல்வார். கேட்பவர்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மேலேயிருந்து பார்க்கும்போது அந்த வீடு இன்னும் நன்றாகவே தெரிந்தது.

கடைசி ஆள் வந்து, தண்ணீர் குடித்து, முகத்தைத் துடைத்த பிறகே வாயைத் திறப்பார். அடுத்த மேட்டுக்கு அந்தக் கடைசி ஆளைத் தனக்கு அடுத்து முதலில் விடுவார். முழுக் கூட்டமும் தானாக அவர் வேகத்துக்கு வந்துவிடும். அவர் இப்போது அங்கே இல்லை.

போன மாதம் வந்தவர் நல்ல பேச்சாளர், ஊர் வரலாறு விரல் நுனியில். அதை மறுக்க மாட்டேன். மூன்றாவது காட்சிமுனைக்குப் போகும் வழியில், ஏற்றத்தின் செங்குத்தான பகுதியில் கையைத் தூக்கினார். பின்னால் கார்கள். நான் கத்திப் பார்த்தேன், மேலே போய் நிற்கலாம் என்று. கேட்கவில்லை. கதை முடிந்து கிளம்பும்போது அக்கா மிதித்தாள், ஹேண்டில் திரும்பிக்கொண்டது, சைக்கிள் சாலைப் பக்கமாகச் சாய்ந்தது. நல்லவேளை, பின்னால் வந்த கார்க்காரர் தூரத்திலேயே நிறுத்திவிட்டார். உள்ளங்கை சிராய்ந்து மணல் ஏறியிருந்தது, முழங்காலில் ஒரு வீக்கம். அவ்வளவுதான், ஆனால் அந்தக் கார் ஒரு நொடி முன்னால் வந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

வழிகாட்டி ஓடிவந்து கேட்டது, "கியரை இறக்கலையா?" என்று.

யார் சொல்லிக் கொடுத்தார்கள் இறக்க? காலையில் அவர் கொடுத்த பயிற்சி, கார் நிறுத்துமிடத்தில் ஒரு சுற்று. பிரேக் இது, பெல் இது, கிளம்பு. ஏறும் இடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்திப் பிடித்தால் நடக்கும் வேகத்தில் சைக்கிளே உருளும். அதைக்கூடச் சொல்லவில்லை. அக்கா அழவில்லை, கோபப்படவும் இல்லை. "நான்தான் தப்பா மிதிச்சிட்டேன்" என்று அவரிடமே மன்னிப்புக் கேட்டாள். எனக்குப் பொறுக்க முடியாமல் போனது அதுதான்.

இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரேக்கை வழி நெடுக லேசாகப் பிடித்துக்கொண்டே வராதீர்கள், தகடு சூடேறிப் பிடி குறையும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். எண்ணெய் பிரேக் என்றால் விரலுக்குச் சுகம், கம்பி பிரேக் என்றால் நீண்ட இறக்கத்தில் கை வலிக்கும். மற்றபடி இறக்கத்தில் எனக்குப் பெரிய புகார் கிடையாது.

நண்பனுக்கு நேற்று பதில் சொன்னேன். வேண்டாம் என்றேன். அவன் குழம்பிப்போனான். இத்தனை நாள் நீதானே அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசினாய் என்றான். உண்மைதான். மலை நகரம் ஒன்றைப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது, இப்போதும் அதையே சொல்வேன். ஆனால் அவன் மனைவி சைக்கிள் விட்டு இருபது வருடம் ஆகிறது. அவளை அந்த மேட்டில் நிறுத்தப்போகும் ஆளிடம் என் வாயால் அனுப்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் விடாமல் கேட்டதால் அந்த இன்னொரு நிறுவனத்துக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: செங்குத்தான சாலையில் குழுவை எங்கே நிறுத்துவீர்கள்? கேள்வியே புரியவில்லை. காட்சி நன்றாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துவோம் சார் என்றார்கள். பதிவு செய்யவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அக்காவிடமிருந்து செய்தி வந்தது. அன்று உச்சியில் எடுத்த படத்தை அனுப்பி, அடுத்து எப்போது போகலாம் என்று கேட்டிருக்கிறாள். முதலில் நாம் இரண்டு பேரும் காலி மைதானத்தில் ஒரு வாரம் கியர் பழகுவோம், அப்புறம் பார்க்கலாம் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.