லாரியில் ஸ்பீக்கர் மாற்றினீர்களா? பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக கேட்டுக்காக வரிசையில் நிற்கும் டிரெய்லர்களில் பாட்டு ஓடாத கேபின் அபூர்வம். இன்ஜின் அணைந்திருக்கும், செட்டு மட்டும் மணிக்கணக்கில் பாடிக்கொண்டிருக்கும். இங்கே சொல்லப்போகும் ஏமாற்று வேலை இப்படி நிற்கிற வண்டிகளைத்தான் முதலில் அடிக்கிறது.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள்: பழைய லேலண்ட் டிரெய்லர், 24 வோல்ட். கம்பெனி போட்டுக் கொடுத்த 4 அங்குல ஸ்பீக்கர் கொரகொரக்கிறது என்று வடசென்னையில் ஒரு கடைக்குப் போனது. (கடையின் பெயர் வேண்டாம். இதே வேலையைச் செய்கிற கை அது ஒன்று மட்டுமில்லை.) கொடுத்தது பில்கூட இல்லை, துண்டுச்சீட்டு: "600 வாட்ஸ்" ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஜோடி 3,800, செட்டு 3,500, ரெட்யூசர் (24 வோல்ட்டைச் செட்டுக்கு வேண்டிய 12 ஆக்கும் கன்வர்ட்டர்) 1,500, "காப்பர் ஒயரிங்" 1,500, கூலி 1,500. மொத்தம் ரூ. 11,800. ஒன்றரை மாதத்தில் மணலி யார்டில் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி இரண்டும் போயிருந்தன.

பெட்டியைத் திறந்ததுமே விஷயம் தெரிந்துவிடுகிறது. ஒரு பேட்டரியில் தண்ணீர் வற்றி பிளேட் வெளியே தெரிகிறது. பக்கத்தில் உள்ளதில் தண்ணீர் மட்டம் சரியாக இருக்கிறது, ஆனால் சார்ஜ் இல்லை. இரண்டையும் இணைக்கிற குட்டைக் கேபிளின் முனையில், போல்ட்டுக்கு அடியில், ஒல்லியாக ஒரு மஞ்சள் ஒயர் செருகியிருந்தது. ஃபியூஸ் இல்லை.

24 வோல்ட் என்பது இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையாக. நடு இணைப்பிலிருந்து ஒயர் எடுத்தால் பாடிக்கும் அதற்கும் நடுவே 12 வோல்ட் கிடைக்கும், காசும் செலவில்லை. ஆனால் செட்டு கீழ்ப் பேட்டரியை, அதாவது பாடியோடு இணைந்த பேட்டரியை, மட்டுமே தின்னும். சாதாரண சத்தத்தில் ஒன்றரை ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், வரிசையில் 6 மணி நேரம் நின்றால் 9 ஆம்பியர்-மணி ஒரே பேட்டரியிலிருந்து போய்விடுகிறது. வண்டி ஓடும்போது டைனமோ இரண்டுக்கும் ஒரே கரண்ட்டைத்தான் அனுப்பும், எது காலி எது நிறைவு என்று அதற்குத் தெரியாது. மொத்தம் 28 வோல்ட் வந்தாலும் அது சரிபாதியாகப் பிரியாது. இந்த வண்டியில் கீழே 12.9, மேலே 15.1. 15-ல் மேல் பேட்டரி கொதித்துத் தண்ணீர் இழக்கிறது, கீழ் பேட்டரி முழுதாக ஏறாமலேயே கெட்டுப்போகிறது. பேட்டரிக் கடையில் கேட்டால் "செல் போச்சு" என்பார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் காரணம் ஸ்பீக்கர் கடையில் இருக்கிறது.

அப்படியானால் 1,500 வாங்கிய ரெட்யூசர் எங்கே? இருக்கிறது! டாஷ்போர்டுக்குப் பின்னால், சின்னதாக, விளக்கும் எரிகிறது. அதிலிருந்து செட்டுக்குப் போவது சிவப்பு ஒயர் மட்டும். செட்டின் பின்னால் வரும் ஒயர்களில் சிவப்பு வெறும் சுவிட்ச் சிக்னல், சில மில்லி ஆம்பியர் போதும். உண்மையான கரண்ட் முழுவதும் மஞ்சளில்தான் ஓடுகிறது. ஓர் ஆம்பியர்கூடத் தாங்காத டப்பாவைச் சிவப்பில் மாட்டிக் கண்ணுக்குக் காட்டிவிட்டு, மஞ்சளைப் பேட்டரி நடுவில் செருகிவிட்டார்கள். தெரியாமல் நடந்த தவறாக இதை நம்ப முடியவில்லை. தெரியாதவருக்குச் சிவப்பையும் மஞ்சளையும் பிரிக்கவே தோன்றாது.

சரியான கன்வர்ட்டர் என்றால் 24-லிருந்து 12-க்கு, 10 ஆம்பியர் தொடர்ச்சியாகத் தரக்கூடியது, உலோக உடம்போடு. மஞ்சள், சிவப்பு இரண்டும் அதன் வெளியீட்டில்தான். உள்ளே போகும் 24 வோல்ட் ஒயரில் 10 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரியிலிருந்து ஒரு ஜாணுக்குள். ஒயர் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்). நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தால் நல்லது, கன்வர்ட்டர் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் இழுக்கும். வாங்கும் இடத்திலேயே சோதிக்கலாம்: வெளியீட்டில் 12 வோல்ட் 55 வாட்ஸ் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டி 10 நிமிஷம் எரிய விடுங்கள். அது நாலரை ஆம்பியர் இழுக்கும். மீட்டரில் 12-க்குக் கீழே இறங்கினாலோ, உடம்பைத் தொட முடியாத அளவுக்குச் சுட்டாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மலிவான கன்வர்ட்டர் எஃப்எம்மில் இரைச்சல் கிளப்பும், ஆன்டெனா ஒயரிலிருந்து தள்ளிப் பொருத்துங்கள்.

ஸ்பீக்கருக்கு வருவோம். "600 வாட்ஸ்" அட்டையில் உள்ள எழுத்து, அவ்வளவுதான். 14 வோல்ட்டில் ஓடும் செட்டு, தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல், 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தரக்கூடியது சேனலுக்குச் சுமார் 20 வாட்ஸ்தான். செட்டின் முகப்பில் 50x4 என்று போட்டிருந்தாலும் இதுதான் கணக்கு. ஆகவே வாட்ஸைப் பார்க்காதீர்கள், சென்சிடிவிட்டியைப் பாருங்கள்: அதே பவருக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்பதை டெசிபலில் சொல்வது அது. 88 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 91 டெசிபல் எடுத்தால், செட்டின் பவரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். பெட்டியில் ஆர்எம்எஸ் வாட்ஸும் (தொடர்ந்து தாங்கும் வாட்ஸ்) சென்சிடிவிட்டியும் போடாத ஸ்பீக்கரைத் தொடவே வேண்டாம்.

இந்த ஜோடியில் காந்தத்தின் ரப்பர் உறையைக் கழற்றினால் உள்ளே உறையளவில் பாதிக் காந்தம். நடுவில் பளபளவென்று நின்ற இரண்டு ட்வீட்டரில் (கீச்சு ஒலிக்கான குட்டி ஸ்பீக்கர்) ஒன்று பொம்மை, ஒயரே போகவில்லை. கடையிலேயே இதைப் பிடிக்கலாம். சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி ட்வீட்டர்மேல் வைத்துக் காதைக் கொடுங்கள். "ச்ச்" என்ற கீச்சு ஒலி அதற்குள்ளிருந்து வர வேண்டும்.

4 அங்குல ஓட்டையை ஆறரைக்கு வெட்டியதுதான் திரும்பப் பெற முடியாத சேதம். கதவுக் கண்ணாடி முக்கால்வாசி இறங்கியதும் காந்தத்தில் இடிக்கிறது. "முழுசா இறக்காதீங்கண்ணே" என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள்! வெட்டிய விளிம்பில் பெயின்ட் அடிக்கவில்லை. கடல் உப்புக் காற்றில் அது ஒரு மழைக்காலம் தாங்காது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டதால், கண்ணாடி வழியே இறங்கும் மழைத்தண்ணீர் நேராக ஸ்பீக்கரின் பேப்பர் கோன்மேல், அதாவது அதிர்கிற கூம்பின்மேல், விழும்.

"காப்பர் ஒயர்" என்று போட்டது தாமிரம் பூசிய அலுமினியம். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. லைட்டரில் காட்டினால் தாமிர இழை சிவந்து நிற்கும், இது சுருண்டு உதிரும். அதே தடிமனில் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வெட்டிய முனை உப்புக் காற்றில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் என்றால் இன்னும் சீக்கிரம். ஈயம் வைத்து, மேலே சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

குறைந்த செலவில் செய்வதென்றால் ஓட்டையை வெட்டவே கூடாது. அதே 4 அங்குலத்தில், ரப்பர் விளிம்பும் பிளாஸ்டிக் கோனும் உள்ள கோஆக்சியல் (நடுவில் ட்வீட்டர் வைத்த) ஜோடி, 4 ஓம்ஸ், 90 டெசிபலுக்கு மேல் கிடைத்தால் எடுங்கள். வாங்கும் முன் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, கதவுத் தகட்டிலிருந்து கண்ணாடி வரைக்கும் உள்ள ஆழத்தை அளந்து கொள்ளுங்கள். திருகு ஓட்டை பொருந்தாவிட்டால் இடையில் ஒரு வளையம் வேண்டும். எம்டிஎஃப் பலகை ஈரத்தில் ஊதிவிடும்; சமையலறையில் காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையை வெட்டினால் ஆயுசுக்கும் போதும். வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஃபோம் டேப், ஸ்பீக்கரின் பின்புறம் மேலே ஒரு பிளாஸ்டிக் கூரை, கிழிந்த ஷீட்டுக்குப் பதில் புது ஷீட். சின்ன ஸ்பீக்கருக்கு பேஸ் கொடுத்தால் உதறும். செட்டில் ஹைபாஸ் (பேஸை வடிகட்டும் அமைப்பு) இருந்தால் 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும் 220 மைக்ரோஃபேரட் நான்-போலார் (பிளஸ் மைனஸ் பேதமில்லாத) கண்டென்சர் ஒன்று. 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்லக் குறைத்துவிடும்.

இன்னொன்று, இந்த வண்டியில் இல்லை, ஆனால் அடிக்கடி பார்ப்பது: ஸ்பீக்கர் மைனஸைக் கதவுத் தகட்டில் எர்த் செய்வது. இப்போதைய செட்டுகளில் மைனஸிலும் சிக்னல் ஓடுகிறது. பாடியைத் தொட்டால் செட்டு அணையும், இல்லை உள்ளே உள்ள ஆம்ப்ளிஃபயர் சிப் (ஐசி) எரியும். இடதுக்கு வெள்ளை, வலதுக்கு சாம்பல், கறுப்புக் கோடு போட்டது அதனதன் மைனஸ். நாலு ஒயரும் தனித்தனியாகவே போக வேண்டும். பிளஸ் மைனஸ் சந்தேகம் என்றால் டார்ச் பேட்டரி ஒன்றைக் கணநேரம் தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட பக்கம்தான் ஸ்பீக்கர் பிளஸ்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் எதையும் கழற்றும் முன் படம் எடுங்கள்: நடுக்கேபிளில் உள்ள ஒயர், இரண்டு பேட்டரியின் மீட்டர் ரீடிங், காந்தம், சுரண்டிய ஒயர். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். "லாரி வியாபாரத்துக்கு ஓடுது, நீ நுகர்வோர் இல்லை" என்று மிரட்டுவார்கள். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு வண்டி வைத்திருப்பவரை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. துண்டுச்சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு போனால் சிரமம். பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்த ரசீதையும் சேர்த்து வையுங்கள்.

கழற்றிய பழைய ஸ்பீக்கரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். இந்த வண்டியில் அவை சீட்டுக்கு அடியில் கிடந்தன. மீட்டரில் இரண்டுமே 3.6 ஓம்ஸ் காட்டின, கோன் கிழியவில்லை. ஒன்றின் டெர்மினலில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் கொரகொரப்பு நின்றுவிட்டது.